மதுரையிலிருந்து சிங்கப்பூர் குரூஸ்: இப்போதே பதிவு செய்வதா, கட்டணம் குறையக் காத்திருப்பதா?

அடுத்த மே விடுமுறையில் பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் என்று நால்வராகச் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் குரூஸ் கப்பலில் போக நினைக்கிறீர்கள். இணையத்தில் கட்டணம் வாரத்துக்கு ஒரு விதமாக இருப்பதால், இப்போதே பதிவு செய்வதா, கடைசி நேரத் தள்ளுபடிக்குக் காத்திருப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் மதுரைக்காரன்; பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இதே பயணத்தைச் செய்தவன்; பின்னர் உறவினர்கள் சிலருக்கும் கட்டணத்தைக் கவனித்துச் சொல்லியிருக்கிறேன். என் பதில் இதுதான்: ரத்து செய்தால் திருப்பித் தரப்படும் முன்பணத்தைக் கட்டி இப்போதே அறையைப் பிடித்துவிடுங்கள், கட்டணத்தைக் கவனிக்கும் வேலையை அதற்குப் பிறகு தொடங்குங்கள். நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்குப் பணம் மிச்சமாவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

கட்டணம் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பது புரிந்தால் மற்றவை தாமே விளங்கும். மாட்டுத்தாவணியில் சென்னைக்குப் புறப்படும் ஆம்னி பஸ்ஸில் தீபாவளிக்கு மறுநாள் ஒரு விலையும், சாதாரணச் செவ்வாய்க்கிழமை இரவில் வேறு விலையும் இருப்பதற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் இங்கும்: வண்டி கிளம்பிய பிறகு காலி இருக்கைக்கு மதிப்பே கிடையாது. கப்பல் நிறுவனத்துக்கோ, அறை காலியாகப் போனால் டிக்கெட் பணம் மட்டுமல்லாமல், அந்த அறையில் தங்குபவர் கப்பலுக்குள் மது, இணையம், கடை, கேசினோ, கரைச் சுற்றுலா (துறைமுகத்தில் இறங்கி ஊர் பார்ப்பது) என்று செலவழிக்கக்கூடிய பணமும் போய்விடுகிறது. அதனால் கப்பலை நிரப்புவதே அவர்களுடைய முதல் நோக்கம். ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் பதிவு எந்த வேகத்தில் வருகிறது என்று பார்த்து, எதிர்பார்த்ததைவிட மந்தமாக இருந்தால் கட்டணத்தைக் குறைப்பார்கள் அல்லது சலுகைகளைச் சேர்ப்பார்கள். வேகமாக இருந்தால் ஏற்றுவார்கள். ஒரே கப்பலில் ஒரே நாளில் பால்கனி அறையின் விலை குறைந்து, ஜன்னலற்ற உள்ளறையின் விலை ஏறியிருப்பதும் உண்டு.

அப்படியானால் கடைசி வரை காத்திருந்தால் நல்ல விலை கிடைக்காதா என்று நீங்கள் கேட்கலாம். சிங்கப்பூரிலேயே வசிக்கும் இருவருக்குக் கிடைக்கலாம். அவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு எம்ஆர்டி ரயிலேறி மெரினா பே கப்பல் முனையத்துக்குப் போய்விடுவார்கள். நம் நிலைமை அதுவல்ல. மே மாதத்தில் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ நால்வருக்குக் கடைசி வாரங்களில் விமானச்சீட்டு எடுத்தால், அறையில் மிச்சப்பட்ட பணம் அங்கே போய்விடும். கப்பல் மலேசியா, தாய்லாந்து துறைமுகங்களைத் தொட்டுவிட்டு மீண்டும் சிங்கப்பூருக்கே திரும்புவதால், பலமுறை நுழைய அனுமதிக்கும் சிங்கப்பூர் விசாவும் நமக்குத் தேவை. இவற்றையெல்லாம்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கப்பலில் பெரும்பாலான அறைகள் இருவருக்கானவை. மூன்று, நான்கு படுக்கைகள் கொண்ட அறைகள் குறைவு. அத்துடன், உயிர்காப்புப் படகுகளில் உள்ள இடத்தைப் பொறுத்துத்தான் மூன்றாவது, நான்காவது பயணியை ஏற்க முடியும் என்பதால், அறைகள் காலியாக இருக்கும்போதே நால்வர் அறைப் பதிவை நிறுத்திவிடுவதும் உண்டு. கடைசியில் விலை குறையும் அறை இருவர் அறையாக இருந்தால் உங்களுக்கு அதனால் என்ன பயன்?

பதிவு செய்யும்போது முன்பணத்தின் தன்மையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். திருப்பித் தரப்படும் முன்பணம், தரப்படாத முன்பணம் என இரண்டு வகைக் கட்டணங்களைப் பல நிறுவனங்கள் காட்டுகின்றன. இரண்டாவது சற்றுக் குறைவாக இருக்கும். உங்கள் தேதியும் கப்பலும் உறுதியென்றால் அதையும் எடுக்கலாம். ஆனால் பிள்ளைகளின் தேர்வு அட்டவணையோ அலுவலக விடுப்போ இன்னும் முடிவாகாத நிலையில், அந்தச் சிறு குறைவுக்காக நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்து, இறுதித் தொகையை எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதைக் கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தையும் பயணத்தின் நீளத்தையும் பொறுத்து, அது பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 75 முதல் 120 நாள்களுக்கு முன் வரும். அந்தத் தேதி வரை நீங்கள் பேரம் பேசும் இடத்தில் இருக்கிறீர்கள்: அதே புறப்பாட்டில், அதே வகை அறைக்குக் கட்டணம் குறைந்தால், புதிய கட்டணத்துக்கு உங்கள் பதிவை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலும் மாற்றித் தருகிறார்கள். மறுத்தாலும், முன்பணம் திருப்பித் தரப்படும் வகையாக இருந்தால், புதிய விலையில் இன்னொரு பதிவைச் செய்து உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு பழையதை ரத்து செய்யலாம். மீதித் தொகையை இன்னும் கட்டாததால், குறைந்த தொகை நேரடியாக நிலுவையில் கழிந்துவிடும். பணம் எப்போது கணக்குக்குத் திரும்பும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தேதி தாண்டிய பிறகு ரத்துக் கட்டணம் படிப்படியாக ஏறி, கடைசி 30 நாள்களில் பல நிறுவனங்களில் முழுத் தொகையையும் விழுங்கிவிடும். அப்போது விலை குறைந்தால் மேல் வகை அறையோ, கப்பலுக்குள் செலவிடத்தக்க தொகையோ தரும்படி கேட்டுப் பார்க்கலாம். பணமாகக் கிடைப்பது அரிது.

உங்கள் பயணத்துக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. மே 10 அளவில் புறப்படும் கப்பலுக்கு, 75 நாள் விதி என்றால் பிப்ரவரி கடைசி வாரத்திலும், 90 நாள் விதி என்றால் பிப்ரவரி இரண்டாம் வாரத்திலும் இறுதித் தேதி வரும். உலகெங்கும் கப்பல் நிறுவனங்கள் அதிகச் சலுகைகளை அறிவித்துப் பதிவுகளைத் திரட்டுவது ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில்தான். ஆகவே அதன் முதல் பாதி உங்கள் கவனிப்புக் காலத்துக்குள் வந்துவிடுகிறது. மேலும், இறுதித் தேதி நெருங்கும்போது, போக முடியாதவர்கள் பணம் இழக்காமல் இருப்பதற்காகப் பதிவை ரத்து செய்வார்கள். அந்த அறைகள் மீண்டும் விற்பனைக்கு வருவதால் விலை அசைய வாய்ப்பு உண்டு. இப்போதிலிருந்து டிசம்பர் வரை வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பொங்கலுக்குப் பிறகு வாரம் இரண்டு மூன்று முறையும், இறுதித் தேதிக்கு முந்தைய பத்து நாள்களில் தினமும் பாருங்கள்.

கவனிப்பதற்கு நான் வைத்திருப்பது ஒரு நீள நோட்டு. தேதி, அறை வகை, நால்வருக்குமான கட்டணம், துறைமுகக் கட்டணமும் வரியும், ஊழியர் சேவைக்கான டிப்ஸ், அன்றைய சலுகைகள், அன்றைய டாலர் மதிப்பு என்று கோடு போட்டு, வலது ஓரத்தில் மொத்தத்தை ரூபாயில் எழுதுவேன். குரூஸ் கிரிட்டிக், குரூஸ்பிளம் போன்ற தளங்கள் கட்டண மாற்றத்தைக் காட்ட உதவுகின்றன. அவை நல்ல உதவிதான், ஆனால் அவற்றில் தெரிவது பெரும்பாலும் இருவர் அறையில் ஒருவருக்கான கட்டணம். நால்வருக்கு என்ன ஆகும் என்பது, பிள்ளைகளின் வயதையும் கொடுத்து, வசிக்கும் நாடு இந்தியா என்று குறிப்பிட்டு, பதிவுப் பக்கத்தின் கடைசித் திரை வரை போனால்தான் தெரியும். அந்தத் திரையைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும்போது பேச்சு சீக்கிரம் முடியும்.

அந்த நோட்டின் ஒரு பக்கத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். எளிமைக்காகத் தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். முதலில் பதிவு செய்தபோது மொத்தம் 2,40,000 ரூபாய். சலுகையாகக் கப்பலுக்குள் செலவிட 200 சிங்கப்பூர் டாலர். பிறகு ஒரு நாள் மொத்தம் 2,24,000 ரூபாய் என்று காட்டியது. பார்த்தவுடன் 16,000 ரூபாய் லாபம் என்று தோன்றும். ஆனால் புதிய விலைக்கு மாறினால் பழைய சலுகை போய்விடும்; டாலர் 65 ரூபாய் என்று வைத்தால் அந்த 200 டாலரின் மதிப்பே 13,000 ரூபாய். உண்மையில் மிச்சம் 3,000 ரூபாய்தான். அத்துடன் புதிய கட்டணம், திருப்பித் தரப்படாத முன்பணத்துக்கானது. அந்த 3,000 ரூபாய்க்காக ரத்து செய்யும் உரிமையை விட்டுக்கொடுப்பது சரியல்ல என்று மாற்றாமல் விட்டேன். பின்னர் சலுகையோடு சேர்ந்தே விலை இறங்கியபோது மாற்றிக்கொண்டோம். கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மொத்தத்தைப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அந்த மொத்தத்தில் டிப்ஸைச் சேர்க்காமல் விடுபவர்கள் பலர். ராயல் கரீபியன் கப்பல் நிறுவனம் 2023 நவம்பரில் இதைச் சாதாரண அறைகளுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 18 அமெரிக்க டாலர் என்று உயர்த்தியது. பிள்ளைகளுக்கும் இது உண்டு. அந்தக் கணக்கில் நால்வருக்கு நான்கு இரவுகள் என்றால் 288 டாலர். வேறொரு நிறுவனத்தின் கட்டணத்தில் டிப்ஸ் அடங்கியிருந்தால், பார்வைக்குக் கூடுதலாகத் தெரியும் அந்த விலையே முடிவில் குறைவாக இருக்கலாம். பணம் கட்டும் வழியிலும் கவனம் தேவை. வெளிநாட்டுத் தளத்தில் இந்தியக் கிரெடிட் கார்டால் கட்டினால், பல வங்கிகள் 3.5 சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் வசூலிக்கின்றன. இரண்டு லட்சத்துக்கு இது 8,260 ரூபாய் ஆகிவிடும். உள்ளூர் முகவரிடம் கட்டினால் அது இல்லை. பதிலாக ஜிஎஸ்டியும், சுற்றுலாத் தொகுப்பாக இருந்தால் டிசிஎஸ் எனும் முன்கூட்டிய வரிப் பிடித்தமும் வரும். டிசிஎஸ் தொகையை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம் என்பதால், நான் அதைச் செலவில் சேர்ப்பதில்லை.

முகவர் மூலம் பதிவு செய்வதாக இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சில கேள்விகளுக்குப் பதில் வாங்கிவிடுங்கள். முகவர் வழியாக வந்த பதிவைக் கப்பல் நிறுவனம் பொதுவாக நம்மோடு நேரில் பேசி மாற்றாது. முகவர்தான் மாற்ற வேண்டும். ஒரு முகவரிடம் நான் விசாரித்தபோது அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: “சார், கப்பல்காரங்க குறைச்சாலும் எங்க பேக்கேஜ் ரேட்டு மாறாது. நாங்க ரூமை மொத்தமா எடுத்து வச்சிருக்கோம்.” விமானம், ஓட்டல், வழிகாட்டி எல்லாம் சேர்ந்த குழுப் பயணங்களில் இது இயல்பு, வயதானவர்களுக்கு அது வசதியாகவும் இருக்கும். ஆனால் அதில் கட்டணத்தைக் கவனித்துப் பயனில்லை. நாங்கள் பதிவு செய்த முகவரிடம், “விலை இறங்குனா மாத்திக் குடுப்பீங்களா, அதுக்கு உங்க சார்ஜ் எவ்வளவு, பதிவு எங்க பேர்லயே இருக்குமா?” என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். விலை மாற்றிய ஒவ்வொரு முறையும் புதிய ரசீதை அனுப்பச் சொல்லி, அறை எண், நால்வரின் பெயர், சலுகைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேதியைத் தேர்ந்தெடுப்பதில் நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. சிங்கப்பூர்க் கப்பல்களில் கட்டணம் உச்சத்துக்குப் போவது அங்குள்ள பள்ளி விடுமுறைகளில்: மார்ச்சில் ஒரு வாரம், மே இறுதியில் தொடங்கி ஜூன் முழுவதும், செப்டம்பரில் ஒரு வாரம், பிறகு நவம்பர், டிசம்பர். நம் கோடை விடுமுறையில் மே முதல் மூன்று வாரங்கள் அவர்களுக்குப் பள்ளி நாள்கள். மே தினம், வெசாக் (புத்த பூர்ணிமை) ஆகிய விடுமுறைகளையொட்டிய வார இறுதிகளைத் தவிர்த்து, திங்கட்கிழமை அளவில் புறப்படும் நான்கு இரவுப் பயணத்தைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை புறப்படும் மூன்று இரவுப் பயணத்தோடு இரவுக் கணக்கில் ஒப்பிட்டால் பெரும்பாலும் இதுவே மலிவு. நம் காலாண்டு விடுமுறைக்கும் இதே கணக்கு பொருந்தும், ஏனென்றால் அவர்களுடைய செப்டம்பர் விடுமுறை அதற்கு முன்பே முடிந்துவிடும்.

விமானச்சீட்டை, அறை உறுதியாகிப் பயணத் தேதி மாறாது என்று தெரிந்தவுடன் எடுத்துவிடுங்கள். மதுரையிலிருந்து நேரடி விமானம் கிடைக்காத நாளென்றால் திருச்சியையும் பாருங்கள். கப்பல் புறப்படுவதற்கு முந்தைய நாளே சிங்கப்பூர் போய்ச் சேர்வது நல்லது. சீட்டு எடுத்த பிறகு வேறு வாரத்துக் கப்பல் மலிவாகத் தெரிந்தாலும் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அதே புறப்பாட்டின் விலையை மட்டும் கவனியுங்கள்.

கடைசி நேரத்தில் பதிவு செய்வதில்தான் விருப்பம் என்றால், அதற்குச் சென்னைதான் பொருத்தமான இடம். 2022 ஜூனில் தொடங்கி, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் சென்னையிலிருந்து சென்றுவருகிறது. விசாகப்பட்டினம், புதுச்சேரி போன்ற உள்நாட்டுப் பயணங்களுக்கு விசாவும் விமானமும் வேண்டாம், வைகை எக்ஸ்பிரஸில் ஏறிப் போய்விடலாம். ஆனால் அந்தக் காலம் உங்கள் மே விடுமுறைக்குள் வராது.

இறுதித் தொகையைக் கட்டிய பிறகும் கவனிக்க ஒன்று மீதமிருக்கும். இணையத் தொகுப்பு, பானத் தொகுப்பு, கரைச் சுற்றுலா ஆகியவற்றின் விலையும் அறையைப் போலவே ஏறி இறங்கும். கப்பலில் ஏறிய பிறகு வாங்குவதைவிட முன்கூட்டியே வாங்குவது பொதுவாகக் குறைவு; பல நிறுவனங்களில் புறப்பாட்டுக்குச் சில நாள்கள் முன்பு வரை அவற்றை ரத்து செய்து குறைந்த விலையில் மீண்டும் வாங்கலாம். நால்வருக்கும் இணையம் தேவையில்லை. ஒரே ஒரு சாதனத்துக்கு எடுத்தால் போதும். மலேசியாவின் பினாங்கில் இறங்கினால் முனையத்திலிருந்து அத்தீவின் நகரமான ஜார்ஜ் டவுனுக்கு நடந்தே போய்விடலாம் என்பதால், அங்கே கப்பல் நிறுவனத்தின் கரைச் சுற்றுலாவை நாங்கள் எடுக்கவில்லை. உங்கள் கப்பல் பினாங்கைத் தொடுமானால் நீங்களும் அந்தச் செலவைத் தவிர்க்கலாம்.