லேசர் மெஷினுக்கு எந்தக் கண்ணாடி? மலையில் இருப்பவர்கள் கேட்டவை

நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கத்திலும் லேசர் எங்கிரேவிங் மெஷின் வைத்து, சாக்லேட் பெட்டி, தேயிலை டப்பா, பாத்திரம் என்று பெயர் போட்டுக் கொடுக்கும் உறுப்பினர்கள் கண் பாதுகாப்பு பற்றிக் கேட்டவை இவை. லேசர் மெஷின்களோடு நெடுங்காலம் பழகிய நம் மூத்த உறுப்பினர் பதில் சொல்கிறார்.

குன்னூரிலிருந்து: அண்ணா, ஆன்லைனில் 10 வாட் டயோடு மெஷின் வாங்கினேன். கூடவே பச்சை நிறப் பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று இலவசமாக வந்தது. அது போதுமா?

போதாது என்றே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. உங்கள் மெஷினில் வருவது நீல ஒளி, 445 முதல் 455 நானோமீட்டர் அலைநீளம். நீலத்தை விழுங்கும் கண்ணாடி பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஆனாலும் நிறத்தை நம்பி வாங்காதீர்கள். பிரேமிலோ லென்ஸிலோ இரண்டு எண்கள் அச்சாகியிருக்க வேண்டும். ஒன்று, எந்த அலைநீளத்திலிருந்து எதுவரை தடுக்கும் என்பது. மற்றொன்று, ஒளியை எவ்வளவு குறைக்கும் என்று சொல்லும் ஓ.டி. எண். இரண்டும் இல்லாத கண்ணாடியைப் பாதுகாப்புக் கண்ணாடியாகவே எண்ண வேண்டாம்.

ஓ.டி. 1 என்றால் ஒளி பத்தில் ஒரு பங்காகும். 2 என்றால் நூறில் ஒரு பங்கு. 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில், நாம் நம்மையறியாமல் சிமிட்ட எடுக்கும் கால் விநாடிக்குள் கண் தாங்கக்கூடியது ஏறக்குறைய 1 மில்லிவாட். உங்களுடையது 10,000 மில்லிவாட். ஆக ஓ.டி. 4 வெறும் விளிம்பு. 5 வாங்குங்கள், 6 கிடைத்தால் இன்னும் நல்லது. ஐரோப்பியத் தரமான ஈ.என். 207 முத்திரையோடு எல்.பி. எண் இருந்தால், நேர்க்கதிர் பட்டாலும் அந்த லென்ஸ் சில விநாடி உடையாமல் உருகாமல் நிற்கும் என்று சோதித்திருக்கிறார்கள் என்று பொருள்.

கையிலிருக்கும் கண்ணாடியைக் கழித்துக்கட்ட ஒரு வழி உண்டு. அதன் வழியாகச் சாதாரண நீல எல்.இ.டி. விளக்கைப் பாருங்கள். நீலம் பளிச்சென்று தெரிந்தால் உங்கள் மெஷினுக்கு அது ஆகாது. தெரியாவிட்டால் நல்ல கண்ணாடி என்று அர்த்தமில்லை. அதைச் சொல்ல அச்சிட்ட எண்ணும் நம்பகமான தயாரிப்பாளரும் வேண்டும். லேசரையே அடித்துச் சோதிக்க வேண்டாம்.

கோத்தகிரியிலிருந்து: விளம்பரத்தில் 40 வாட் என்கிறார்கள், உள்ளே கையேட்டில் 5 வாட் என்று இருக்கிறது. எதை வைத்துக் கணக்குப் போடுவது?

வெளிவரும் ஒளியின் வாட்டைத்தான். 40 என்பது மெஷின் இழுக்கும் கரண்டாக இருக்கலாம். ஆனால் 5 வாட் என்றால் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள் அம்மா. அரை வாட்டைத் தாண்டினாலே நான்காம் வகுப்பு லேசர், ஆபத்தில் அதுதான் உச்ச வகுப்பு. அதில் நேர்க்கதிர் மட்டுமல்ல, பலகையில் பட்டுச் சிதறும் ஒளியும் பக்கத்தில் நின்று பார்த்தால் கண்ணைக் கெடுக்கும்.

கூடலூர், பாத்திரக்கடை: சார், எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்ட 20 வாட் ஃபைபர் மெஷின் போட்டிருக்கிறோம். வெளிச்சமே தெரிவதில்லை, சின்னப் பொறிதான் பறக்கிறது. இதற்கும் கண்ணாடி தேவையா?

வந்திருக்கும் கேள்விகளில் என்னைப் பயமுறுத்தியது இதுதான். முன்பெல்லாம் பாத்திரத்தில் பெயர் வெட்டுபவருக்கு விரல் பத்திரமாக இருந்தால் போதும். ஃபைபர் மெஷின் அப்படியில்லை. அதன் அலைநீளம் 1064 நானோமீட்டர், அகச்சிவப்பு. நம் கண்ணுக்குத் தெரியாதே தவிர, கண்ணின் லென்ஸ் அதைத் தடுப்பதில்லை. 400 முதல் 1400 நானோமீட்டர் வரை எதுவானாலும் உள்ளே போய் விழித்திரையில் குவியும். குவியும்போது செறிவு சுமார் லட்சம் மடங்கு ஏறிவிடும். வெளிச்சம் தெரியாததால் கண் சிமிட்டாது. விழித்திரைக்கு வலியும் தெரியாது. பார்வையின் நடுவில் ஒரு கரும்புள்ளி நிற்கும்போதுதான் நடந்தது புரியும். அந்தப் புள்ளி பல நேரம் போகாது.

இதில் உங்கள் சரக்கே கூடுதல் ஆபத்து. டம்ளரும் சொம்பும் முகம் பார்க்கும் வளைந்த கண்ணாடி மாதிரி. கதிர் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. வாடிக்கையாளர் மேசைக்கு எதிரே நின்று, தன் வீட்டுப் பெயர் எப்படி விழுகிறது என்று குனிந்து பார்க்கிறார் அல்லவா? அவர் கண்ணுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

1064 என்று அச்சிட்ட, ஓ.டி. 6-க்குக் குறையாத கண்ணாடி வாங்குங்கள். இந்த மெஷின் ஒளியை மிகக் குறுகிய துடிப்புகளாக அடிக்கிறது. அதனால் ஈ.என். 207 முத்திரையில் தொடர்கதிருக்கான டி எழுத்து மட்டும் போதாது. நானோ விநாடித் துடிப்புக்கான ஆர் எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். டயோடு மெஷினின் ஆரஞ்சுக் கண்ணாடியை இரவல் வாங்கிப் போடாதீர்கள், 1064 அதில் தாராளமாக நுழையும். மெஷினைச் சுற்றித் தகரத்தில் கூண்டு அடித்து, கதவைத் திறந்தால் லேசர் நிற்கும்படி ஒரு சுவிட்ச் வையுங்கள். வாடிக்கையாளருக்குப் பெயர் விழுவதைக் காட்ட உள்ளே ஒரு சின்னக் கேமரா போதும்.

ஊட்டியிலிருந்து: 2019 டிசம்பர் 26 வளையச் சூரிய கிரகணத்துக்கு வாங்கிய கண்ணாடி வீட்டில் இருக்கிறது. சூரியனையே தடுத்தது, லேசரைத் தடுக்காதா?

தடுக்காது. அது விரிந்து வரும் சூரிய ஒளிக்காகச் செய்த மெல்லிய படலம். குவிந்த கதிர் பட்டால் அதிலேயே ஓட்டை விழும். கூலிங் கிளாஸ், வெல்டிங் கண்ணாடிக்கும் இதே பதில்.

கொடைக்கானலிலிருந்து: அண்ணா, டயோடு மெஷினுக்குத் தெளிவான அக்ரிலிக்கில் பெட்டி செய்துவிட்டேன். நண்பனின் சி.ஓ.டூ மெஷினில் அப்படித்தான் மூடி இருக்கிறது. இனிக் கண்ணாடி வேண்டாம்தானே?

பெட்டி செய்ததற்கு முதலில் பாராட்டு. கண்ணாடியைவிடப் பெட்டியைத்தான் நான் மேலாக மதிக்கிறேன். கண்ணாடி போட்டவரை மட்டும் காக்கும். பெட்டி வீட்டிலிருக்கும் குழந்தையையும் பூனையையும் சேர்த்துக் காக்கும். ஆனால் உங்கள் பெட்டி நீல ஒளிக்குத் திறந்த ஜன்னல்தான். சி.ஓ.டூ, அதாவது கார்பன் டை ஆக்சைடு வாயு லேசர், 10,600 நானோமீட்டர். அதைத் தெளிவான அக்ரிலிக்கே விழுங்கிவிடும். அதனால்தான் நண்பருக்கு அது சரி. நீங்கள் 445 நானோமீட்டருக்கு ஓ.டி. எண் போட்ட ஆரஞ்சு அக்ரிலிக்கை ஜன்னலுக்கு மட்டும் வைத்து, மற்றப் பக்கங்களை ஒளி புகாத பலகையால் மூடுங்கள். மூடியைத் திறந்து ஃபோகஸ் பார்க்கும்போது கண்ணாடி கட்டாயம்.

பெட்டியில் புகைக்குழாயும் வேண்டும். குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்வது நம் ஊர் வழக்கம், அது இங்கே கூடாது. ரெக்சினை மட்டும் உள்ளே வைக்கவே வேண்டாம். அதிலிருக்கும் பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். நுரையீரலையும் கெடுக்கும், மெஷினையும் துரு ஏற்றும்.

கோத்தகிரியிலிருந்து: மூக்குக் கண்ணாடி போடுகிறேன். மேலே இன்னொன்று போட்டால் பனி நாளில் இரண்டும் ஆவி படிந்து ஒன்றும் தெரிவதில்லை. கழற்றிவிடத் தோன்றுகிறது.

கழற்றுவதானால் முதலில் மெஷினை நிறுத்துங்கள். மூக்குக் கண்ணாடிக்கு மேல் போடவென்றே அகலமான மாடல்கள் உண்டு. பக்கவாட்டில் மறைப்பும், மேலே ஒளி நுழையாத காற்றுத் துளைகளும் இருப்பதாகப் பாருங்கள். குளிர்ந்த அலமாரியிலிருந்து எடுத்த கையோடு போட்டால் ஆவி படியும். அறைச்சூட்டில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் போடுங்கள். ஆழ்ந்த நிறக் கண்ணாடியில் எல்லாம் மங்கலாகத் தெரியும் என்பதால் அறை விளக்கை நன்றாக எரிய விடுங்கள். வெளிச்சத்தில் கண்மணி சுருங்குவதும் நமக்கு நல்லதே. கீறல் விழுந்த லென்ஸைத் தூக்கிப்போடுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: ஒருவேளை கண்ணில் பட்டுவிட்டால்?

மெஷினை அணைத்துவிட்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சுவரைப் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். புள்ளியோ மங்கலோ வளைவோ தெரிந்தால் அன்றே கிளம்புங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் கதிர் பட்டது உறுதி என்றால் காட்டிவிடுவது நல்லது. கண்ணைத் தேய்க்காதீர்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று யார் என்ன சொன்னாலும் கண்ணில் ஊற்றாதீர்கள். நீலகிரிக்காரர்கள் கோவைக்கும், கொடைக்கானல்காரர்கள் மதுரைக்கும் இறங்கி விழித்திரை மருத்துவரைப் பாருங்கள், விழித்திரையின் அடுக்குகளைப் படம் பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம், கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கிளம்பும் முன் மெஷினில் ஒட்டியிருக்கும் மஞ்சள் எச்சரிக்கைச் சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அலைநீளமும் வாட்டும் அதில்தான் இருக்கும், மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.