ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு ஹீட்டர்

கேள்வி: அக்னி நட்சத்திர வெயிலில் கணினி சூடேறாமல் காக்கவே பாடுபடுகிறோம், ஹார்டு டிஸ்க்குக்குள்ளேயே ஹீட்டர் வைத்திருக்கிறார்களாமே, எதற்கு?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: உண்மைதான், ஆனால் அது வட்டைச் சூடாக்க அன்று. சுழலும் வட்டின் மேல் காற்றுப் படலத்தில் மிதக்கும் தலையினுள் (தரவைப் படித்து எழுதும் சிறு பகுதி), படிக்கும் உறுப்புக்கும் எழுதும் உறுப்புக்கும் அருகே பதித்த நுண்ணிய மின்தடைக்குச் சில பத்து மில்லிவாட் மின்திறன் கொடுத்தால், அவ்விடம் மட்டும் விரிந்து வட்டை நோக்கிப் புடைப்பதால், சுமார் 10 நானோமீட்டர் இடைவெளி ஓரிரு நானோமீட்டராகக் குறைகிறது; இப்படி நெருங்கினால்தான் தரவைத் தெளிவாகப் படிக்கவும் எழுதவும் முடியும். (தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர்.) எழுதும்போது எழுதுசுருளின் (தரவை எழுத மின்சாரம் பாயும் கம்பிச்சுருள்) சூடே தலையைப் புடைக்கச் செய்யுமாதலால், அந்த அளவுக்கு ஹீட்டரைத் தணிக்க வேண்டும். உங்கள் ஊர் வெயிலும் இதே கணக்கில்தான் சேரும். உள்ளிருக்கும் வெப்ப உணரியின் அளவைப் பார்த்து மின்திறன் தானாகவே திருத்தப்படுகிறது. படிக்கவோ எழுதவோ வேலையில்லாதபோது ஹீட்டரை அணைத்தால் புடைப்பு அடங்கி, உரசும் வாய்ப்பு குறைவதே எனக்கு மிகவும் பிடித்த நுட்பம்.