இடிந்த வீட்டை யார் கட்டுவது? கேள்வி பதில்

நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊர் அளவில் வீடு கட்டும் வேலைகளை ஒருங்கிணைப்பதில் பல வருடங்கள் கழித்திருக்கிறேன். அதைப் பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, நிலநடுக்கம் வந்து பத்து நாளான ஊருக்கு ஒருங்கிணைப்பாளராகப் போனால் முதல் வேலை எது?

பட்டியல்தான். சிமென்டும் கம்பியும் அப்புறம்.

எந்த வீடு முழுக்க விழுந்தது, எது விரிசலோடு நிற்கிறது, யார் குடியிருந்தார்கள், சொந்த வீடா வாடகையா என்பதெல்லாம் ஒரே பட்டியலில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண் கொடுங்கள். சுவரில் பெயின்டால் எழுதிய எண்ணே காகிதத்திலும் இருக்கட்டும். அரசுக்கு ஒரு கணக்கு, தொண்டு நிறுவனத்துக்கு ஒரு கணக்கு, ஊர்த் தலைவருக்கு ஒரு கணக்கு என்று ஓட ஆரம்பித்தால் அந்தச் சண்டை தீர வருடங்கள் ஆகும். எடுத்து முடித்ததும் பொது இடத்தில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சத்தமாகப் படித்தும் காட்டுங்கள். விட்டுப்போனவர்கள் அப்போதுதான் வெளியே வருவார்கள். ஒரே கூரையின் கீழ் தனியாக வாழ்ந்த இரண்டாவது குடும்பம் எப்போதும் விட்டுப்போகும்.

பட்டியலில் தேதி போட மறக்காதீர்கள். நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலநடுக்கம் வந்தது. பதினேழாவது நாள், மே 12 அன்று, 7.3 அளவில் இன்னொன்று. முதலாவதில் தப்பி நின்ற பல வீடுகள் இரண்டாவதில் விழுந்தன. பெரிய பின்னதிர்வு வந்தால் மறுபடியும் வீடு வீடாகச் சுற்றித்தான் ஆக வேண்டும்.

சாலையோர ஊரில் ஏழு அமைப்புகள் வேலை செய்கின்றன. மலைமேல் இருக்கும் ஊரில் ஒருவரும் இல்லை. இதை எப்படிச் சரிசெய்வது?

இது எல்லா இடத்திலும் நடப்பது. வண்டி போகும் இடத்துக்குத்தான் உதவியும் போகிறது. நேபாளத்தில் இதற்காகவே வீட்டு மறுகட்டுமானத்துக்கென்று தனியாக ஒரு ஒருங்கிணைப்பு மேடை இருந்தது. எந்த அமைப்பு எந்த ஊரில் என்ன செய்கிறது என்பதை மாவட்ட அளவில் தொகுத்தார்கள். குஜராத்தின் கட்ச் பகுதியில் 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்துக்குப் பிறகு ‘அபியான்’ என்ற தொண்டு நிறுவனக் கூட்டமைப்பு ‘சேது’ மையங்களை அமைத்தது. சேது என்றால் பாலம். சில ஊர்களுக்கு ஒரு மையம் என்று வைத்து, அரசின் உத்தரவுகளை ஊருக்கும் ஊரின் புகார்களை அரசுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

சின்ன அளவில் செய்வதென்றால், சுவரில் ஒரு பெரிய வரைபடம் மாட்டி, ஆள் போகாத ஊர்களைச் சிவப்பில் குறியுங்கள். புதிதாக வரும் அமைப்பை முதலில் அதன் முன்னால் நிறுத்துங்கள். கூட்டம் வாரம் ஒரு முறை, ஒரே நாள், ஒரே நேரம். வீட்டின் குறைந்தபட்ச அளவையும் தரத்தையும் எல்லா அமைப்புகளும் முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஊரில் இரண்டு அறை, பக்கத்து ஊரில் ஒரு அறை என்று கட்டிக் கொடுத்தால் அந்தக் கசப்பு ஒரு தலைமுறைக்கு இருக்கும்.

ஒப்பந்ததாரரிடம் விட்டால் ஆறு மாதத்தில் முடித்துவிடலாமே? மக்களிடம் பணம் கொடுத்தால் செலவழித்துவிட மாட்டார்களா?

அதிகம் வந்த கேள்வி இதுதான். இதில் என் நிலைப்பாடு உறுதியானது. வீடு யாருடையதோ அவர் கையில் முடிவு இருக்க வேண்டும்.

மகாராஷ்டிராவின் லாத்தூர் பகுதியில் 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, மிக மோசமாகச் சிதைந்த 52 ஊர்களை அப்படியே வேறு இடத்துக்கு மாற்றினார்கள். நெருக்கமான பழைய தெருக்கள் போய், அகலச் சாலைகளோடு கட்டம் கட்டமாகப் புது ஊர்கள் வந்தன. வீடு உறுதியாக இருந்தது, ஆனால் பக்கத்து வீடும் வயலும் தூரமாகிவிட்டன. சேதம் குறைவான ஊர்களில் அப்படி இல்லை. அங்கே வீட்டுக்காரர்களே உதவித்தொகை வாங்கிப் பழுது பார்த்து வலுப்படுத்தினார்கள். பெண்கள் குழுவினர் வீடு வீடாகப் போய் விளக்கம் சொன்னார்கள்.

எட்டு வருடம் கழித்து கட்சிலும் ஊர்களை இடம் மாற்றும் பேச்சுதான் முதலில் வந்தது. பெரும்பாலான ஊர்கள் மறுத்தன. அப்புறம் அரசு தவணை தவணையாகப் பணமும் தொழில்நுட்ப உதவியும் கொடுக்க, பெரும்பாலானவர்கள் சொந்த மனையிலேயே கட்டிக்கொண்டார்கள்.

பணத்தைச் செலவழித்துவிடுவார்கள் என்ற பயம் புரிகிறது. மொத்தமாகக் கொடுக்காமல் வேலை நகர நகரக் கொடுப்பது அதற்காகத்தான். அதே சமயம் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கக்கூடாது. பொறியாளர், கொத்தனார், பொருள், வங்கிக் கணக்கு நான்கும் சேர்ந்து போக வேண்டும். தனியாக இருக்கும் முதியவர், மாற்றுத்திறனாளி, சின்னக் குழந்தைகளோடு தனித்திருக்கும் தாய் போன்றவர்களிடம் ‘நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது கொடுமை. அவர்களுக்குக் கட்டித் தரத் தனிக் குழு வேண்டும், அதுவும் முதல் மாதத்திலிருந்தே.

தவணைப் பணம் மாதக்கணக்கில் வராமல் வேலை நிற்கிறது. என்ன செய்யலாம்?

நேபாளத்தில் ஒரு வீட்டுக்கு முதலில் 2 லட்சம் நேபாள ரூபாய் என்று அறிவித்து, பிறகு 3 லட்சமாக உயர்த்தினார்கள். 50 ஆயிரம், 1.5 லட்சம், 1 லட்சம் என மூன்று தவணை. பாகிஸ்தானில் 2005 அக்டோபர் 8 நிலநடுக்கத்துக்குப் பிறகு முழுக்க இடிந்த வீட்டுக்கு 1,75,000 பாகிஸ்தான் ரூபாய், அதுவும் தவணையாகத்தான். இப்படிப்பட்ட திட்டங்களில் அடுத்த தவணை வர, பொறியாளர் வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அவர் வரத் தாமதமானால் எல்லாமே நிற்கும்.

எந்தக் கட்டத்தில் பார்ப்பது என்பதை முன்கூட்டியே அச்சடித்து எல்லோருக்கும் கொடுங்கள். கம்பி கட்டி முடித்து கான்கிரீட் போடும் முன் பார்ப்பதுதான் முக்கியம். போட்ட பிறகு உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? நான் போன ஒரு ஊரில் ஒரு குடும்பத்தினர் மூன்று வாரம் காத்திருந்து சலித்துப்போய் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். பிறகு அதிகாரிகள் தவணையை மறுத்தார்கள். தவறு அந்தக் குடும்பத்துடையது இல்லை. பத்து நாளில் பொறியாளர் வராவிட்டால், பயிற்சி பெற்ற மேஸ்திரி அளவு தெரியும்படி எடுத்த புகைப்படங்களை ஏற்கலாம் என்று விதியிலேயே எழுதி வாங்குங்கள்.

கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள்தான் விழுந்தன. இனி எல்லோருக்கும் கான்கிரீட்டா?

வேண்டியதில்லை. லாத்தூரில் ஆளைக் கொன்றது கல் இல்லை, கட்டிய விதம். தடித்த சுவர் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இரண்டு அடுக்காகத் தனித்து நின்றது. இரண்டையும் பிணைக்கக் குறுக்குக் கல் இல்லை. மேலே கனமான மண் கூரை. குலுங்கியதும் அடுக்குகள் பிரிந்து கூரை உள்ளே இறங்கியது.

சுவரின் முழு அகலத்துக்கும் போகிற நீளக் கல்லை உயரத்தில் 60 செ.மீ.க்கு ஒன்று, நீளவாக்கில் 1.2 மீட்டருக்கு மிகாமல் ஒன்று என்று வையுங்கள். சுவர் தொடங்கும் பேஸ்மென்ட் மட்டத்திலும், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்திலும், கூரைக்குக் கீழும் சுவரைச் சுற்றி, இடையில் எங்கும் அறுபடாமல், பெல்ட் மாதிரி ஒரு கான்கிரீட் பட்டை போடுங்கள். சாதாரண வீட்டுக்கு இரண்டு கம்பியோடு 75 மி.மீ. கான்கிரீட் போதும். மூலையில் கம்பியை வளைத்து அடுத்த சுவருக்குள் கொண்டுபோக வேண்டும். அங்கேதான் வேலை கெடும். கூரை இலேசாக இருக்கட்டும்.

காஷ்மீர் மலைகளில் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் அடித்து இடையில் கல்லும் மண்ணும் நிரப்பும் ‘தஜ்ஜி’ முறை உண்டு. 2005க்குப் பிறகு பாகிஸ்தானில் முதலில் அதற்கு உதவித்தொகை இல்லை. அந்த வீடுகள் நன்றாகத் தாங்கியதைப் பார்த்து அப்புறம் அனுமதித்தார்கள். மோசமாகக் கட்டிய கான்கிரீட்தான் எனக்குப் பயம்.

தற்காலிகக் கொட்டகைக்குச் செலவழிப்பது வீண்தானே?

மழையும் குளிரும் காத்திருக்காது. நல்ல தகரமாகக் கொடுங்கள், பின்னால் அதுவே வீட்டுக் கூரையாகும். இடிபாட்டிலிருந்து கதவு, உத்தரம், நல்ல கல் எல்லாவற்றையும் பிரித்து வைத்த பிறகே இயந்திரத்தை உள்ளே விடுங்கள்.

பத்திரம் இல்லாதவர்கள், வாடகைக்கு இருந்தவர்கள்?

பெரும்பாலான திட்டங்கள் இவர்களைத்தான் கைவிடுகின்றன. பத்திரம் புதைந்துபோனவருக்கு அக்கம்பக்கத்தார் சாட்சியும் உள்ளாட்சிச் சான்றும் போதும் என்று விதி வேண்டும். வாடகைதாரருக்கு நில உதவி இல்லாமல் வீட்டு உதவி மட்டும் கொடுத்தால் பயனில்லை. புது வீட்டைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதியச் சொல்லுங்கள்.

கொத்தனார்களே கிடைக்கவில்லை.

ஒரே நேரத்தில் ஊரெல்லாம் கட்டினால் அப்படித்தான். நேபாளத்தில் ஏற்கனவே வேலை தெரிந்தவர்களுக்கு 7 நாள் பயிற்சி, புதியவர்களுக்கு வீடு கட்டிக்கொண்டே 50 நாள் பயிற்சி என்று நடத்தினார்கள். பெண்களும் சேர்ந்தார்கள். பயிற்சியில் கட்டுவது மாதிரிச் சுவராக இருக்க வேண்டாம். தனியாக இருக்கும் முதியவர் ஒருவருடைய வீடாக இருக்கட்டும்.

நான் கல்லூரி மாணவன், பொறியியல் தெரியாது. என்னால் ஏதாவது ஆகுமா?

ஆகும் தம்பி. விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க, வங்கிக்குக் கூடப் போக, தவணை வந்ததா என்று பார்த்துச் சொல்ல ஆள் கிடைக்காமல்தான் பாதி வீடுகள் நிற்கின்றன. இருபது வீடுகளைப் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, கடைசியாக என்ன நடந்தது, அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று எழுதுங்கள். நீங்கள் கிளம்பும்போது அந்த நோட்டை ஊரில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.