பயணத்துக்கு எந்த வானொலி? தர்மபுரி, கிருஷ்ணகிரி நேயர்களின் கேள்விகளும் பதில்களும்

இரு மாவட்டத்து நேயர்களும் இந்த வாரம் அனுப்பிய கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதை மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம்.

காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஏற்றுமதியாளர்: ஐயா, வியாபார நிமித்தம் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று வருகிறேன். இணைய வானொலியும் சிற்றலையும் (ஷார்ட்வேவ்) ஒரே பெட்டியில் கிடைக்கின்றனவாமே, அதையே வாங்கிவிடலாமா?

பதில்: கிடைக்கின்றன. சோயோங் எல்சி90 அந்த வகையில் பலரும் பேசும் பெட்டி. மேசையில் வைத்துக் கேட்பவருக்கு அது நல்ல பொருள்தான். ஆனால் சட்டைப் பையில் அடங்காது, தமக்குள் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலிக்காரர்களைக் கேட்க உதவும் எஸ்எஸ்பி வசதியும் அதில் இல்லை. ஊர் ஊராகச் சுற்றும் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இரண்டையும் ஒன்றாக்கிய பெட்டியில் முதலில் மூப்படைவது இணையப் பகுதிதான். இணைய வானொலி தானாக நிலையங்களைத் தேடிப் பிடிப்பதில்லை. எங்கோ ஒரு நிறுவனம் நடத்தும் நிலையப் பட்டியலைக் கேட்டுப் பெற்றுத்தான் பாடுகிறது. ரெசிவா என்ற பட்டியல் சேவை 2021 ஏப்ரல் இறுதியில் மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த பல நிறுவனங்களின் பெட்டிகள், ஒரு பாகமும் பழுதாகாத நிலையிலேயே, நிலையங்களை இழந்து நின்றன. பிபிசி 2023இல் தன் இணைய ஒலிபரப்பின் முறையை மாற்றியபோதும் பழைய பெட்டிகள் பலவற்றில் அதன் நிலையங்கள் ஒலிக்காமல் போயின. சிற்றலைப் பகுதிக்கு இந்தக் கவலை இல்லை. ஒலிபரப்பு இருக்கும்வரை நாற்பது ஆண்டுப் பழைய பெட்டியும் கேட்கும்.

இன்னொரு தொல்லை விடுதிகளில் வரும். வைஃபையில் இணைந்ததும் அறை எண்ணையும் பெயரையும் கேட்கும் பக்கம் ஒன்று திறக்குமே, அந்தப் பக்கத்தைத் திறக்கும் வசதி பெரும்பாலான இணைய வானொலிகளில் கிடையாது. கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டால் சமாளிக்கலாம். அப்போதும் பல பெட்டிகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும் என்பதால், ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் பட்டியலில் அதன் பெயரே வராது. கைபேசியைத் துணைக்கு அழைத்தே ஆக வேண்டும் என்றால் இணைய நிலையத்தை அந்தக் கைபேசியிலேயே கேட்டுவிடலாமே. ஆகவே உள்ளங்கை அளவில் நல்ல சிற்றலைப் பெட்டி ஒன்றை வாங்குங்கள். இணையத்துக்குக் கைபேசியும் ஒரு சிறு புளூடூத் ஒலிபெருக்கியும் போதும்.

அதே நேயர்: அப்படியானால் எந்தச் சிற்றலைப் பெட்டி? விமானத்தில் கொண்டுபோகலாமா?

பதில்: டெக்சன் பிஎல்-330 அல்லது எக்ஸ்எச்டேட்டா டி-808. இரண்டிலும் எஸ்எஸ்பி உண்டு, வெளி ஆன்டெனா சொருகும் துளை உண்டு, பேட்டரியைக் கழற்றி மாற்றவும் முடியும். முதலாவதில் பழைய நோக்கியா கைபேசிகளில் வந்த பிஎல்-5சி (BL-5C) பேட்டரி. நம் ஊர்க் கைபேசிக் கடைகளிலேயே கிடைக்கும். இரண்டாவதில் 18650 பேட்டரி. பெட்டி சற்றுப் பெரிது, விமானிகளின் பேச்சு அலைவரிசையும் கூடுதலாக உண்டு. பையின் எடைக்குக் கணக்குப் பார்ப்பவர் முதலாவதை எடுக்கலாம்.

உதிரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். வரம்பு 100 வாட்-மணி. 1000 மில்லிஆம்பியர்-மணி கொண்ட பிஎல்-5சி வெறும் 3.7 வாட்-மணிதான் என்பதால் அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். பறக்கும்போது மட்டும் பெட்டியை முடுக்காதீர்கள். எஃப்எம் ஏற்பிகள் வழக்கமாகத் தாம் கேட்கும் அலைவரிசையைவிட 10.7 மெகாஹெர்ட்ஸ் மேலே உள்ளுக்குள் ஓர் அலையை உண்டாக்கிக்கொள்ளும். நீங்கள் 100இல் பாட்டுக் கேட்டால் அந்த அலை 110.7இல், அதாவது விமானத்தின் வழிகாட்டிக் கருவிகள் பயன்படுத்தும் 108 முதல் 118 வரையிலான பகுதிக்குள், போய் விழும்.

பாலக்கோடு, ஜவுளிக் கடை: சிற்றலையில் எந்நேரமும் கர்ரென்று ஒரே இரைச்சல். பெட்டி பழுதா?

பதில்: சார்ஜரைச் சொருகியபடியே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் அதைப் பிடுங்குங்கள். சார்ஜரைச் சொருகிக்கொண்டு சிற்றலை கேட்கக் கூடாது என்பதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது; அந்தச் சிறு பெட்டிக்குள் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி ஒட்டப்படுவதால் அதுவே ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம்.

பிடுங்கிய பிறகும் இரைச்சல் இருந்தால், பேட்டரியில் பெட்டியை ஓடவிட்டு வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் அடங்கினால் எதிரி வீட்டுக்குள் இருக்கிறான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்: எல்இடி விளக்கு, மின்னணு ரெகுலேட்டர் பொருத்திய மின்விசிறி, இன்வெர்ட்டர், டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டாப் பெட்டி. ஏரியலின் நுனியை எல்இடி விளக்குக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோங்கள். குற்றவாளி அந்த விளக்குதான் என்றால் இரைச்சல் சட்டென்று எகிறும், கையை இழுத்ததும் தணியும். கடைவீதியில் இருக்கும் உங்களுக்கு மெயினை அணைத்தும் பயன் இல்லாமல் போகலாம். அப்போது மொட்டை மாடியே கதி.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்: அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போகிறேன். அங்கே மத்திய அலை சரியாக விழுமா?

பதில்: நிலையங்களுக்கு இடையே நம் நாட்டில் 9 கிலோஹெர்ட்ஸ், அங்கே 10. பெட்டியில் அந்த அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

அரூர், இல்லத்தரசி: என் அப்பாவுக்கு எண்பது வயது. காசி, இராமேசுவரம் என்று யாத்திரை போகும்போது தமிழ் நிகழ்ச்சி கேட்க வேண்டும் என்கிறார். எந்தச் சிற்றலைப் பெட்டி வாங்கித் தரலாம்?

பதில்: அம்மா, சிற்றலைப் பெட்டியே வேண்டாம். சிற்றலையில் தமிழ் ஒலிபரப்பு இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் எஞ்சியிருக்கிறது. அதுவும் குறித்த நேரத்தில், குறித்த அலைவரிசையில் மட்டுமே. பட்டியலைப் பார்த்து எண்ணை அழுத்தித் தேடும் வேலையை எண்பது வயதுக்காரர் தலையில் கட்ட வேண்டாம். அகில இந்திய வானொலியின் நியூஸ்ஆன்ஏர் செயலியில் தமிழ் நிலையங்கள் பலவும் கிடைக்கின்றன. காசியில் உட்கார்ந்துகொண்டே கேட்கலாம். 128 கிலோபிட் வேகத்தில் வரும் ஒலிபரப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 58 மெகாபைட்தான் செலவாகும். கைபேசி அவருக்குப் பழக்கம் இல்லையென்றால், திருகு குமிழ் வைத்த சாதாரண பண்பலை, மத்திய அலைப் பெட்டி ஒன்றை வீட்டுக்கு வாங்கிக் கொடுங்கள். தர்மபுரி பண்பலை 102.5இல் முள்ளை நிறுத்திவிட்டால் பிறகு அவர் தொட வேண்டியது ஒலி அளவை மட்டுமே.

ஓசூர், மென்பொருள் பொறியாளர்: மேலே உள்ள பதிலில் தாங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். பிபிசி தமிழோசையே 2017இல் சிற்றலையை விட்டுப் போனது. கைபேசி இருக்கும்போது சிற்றலைப் பெட்டி வீண்செலவுதானே?

பதில்: அரூர் அம்மாவுக்குச் சொன்னது அவருடைய தந்தைக்கு. உங்களுக்கு வேறு பதில். தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் நாளோடு நின்றது உண்மை. தமிழ் மட்டும்தான் கேட்பேன் என்பவருக்குக் கைபேசியே மேல் என்பதும் உண்மை. ஆனால் கேள்வி பயணத்தைப் பற்றியது. உங்கள் ஊரிலிருந்து தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டிக் காட்டுச் சாலையில் போகும்போது கைபேசியில் எத்தனை கோடு மீதம் இருக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். பண்பலையும் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது என்பதால் மலைக்குப் பின்னால் வலுவிழந்துவிடும். சிற்றலையோ வானத்தில் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி மேலிருந்து இறங்குகிறது. பள்ளத்தாக்கில் நிற்பவருக்கும் மலை உச்சியில் நிற்பவருக்கும் அது ஏறத்தாழ ஒன்றே.

ஓசூர், அதே நேயர்: டவர் இல்லாத இடத்தில் எத்தனை மணி நேரம் இருக்கப்போகிறோம்? அதற்கு முன்பே பாட்டையும் பேச்சையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். சிற்றலையில் கேட்பது பாதி இரைச்சல்.

ஒகேனக்கல், விடுதி நடத்துபவர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். காவிரியில் வெள்ளம் வரும் நாளில் மின்சாரம் போய், சற்று நேரத்தில் டவரும் படுத்துவிட்டால், தரவிறக்கிய பாட்டை வைத்துக்கொண்டு எத்தனை அடி தண்ணீர் வருகிறது என்று தெரிந்துகொள்ள முடியுமா என்று அவரைக் கேளுங்கள்.

பதில்: இருவர் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. ஒலித் தரத்தைப் பொறுத்தவரை ஓசூர் நேயர் சொல்வது சரி. இசை கேட்பதற்காகச் சிற்றலைப் பெட்டி வாங்குங்கள் என்று நான் எவரிடமும் சொன்னதில்லை. ஆனால் தரவிறக்கிய கோப்பு நேற்றைய செய்தி. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, டெல்டாவில் பல ஊர்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் நாள்கணக்கில் இல்லை. பேட்டரியில் ஓடும் வானொலிக்கு அப்படிப்பட்ட நாளில் ஈடு கிடையாது.

ஒகேனக்கல் நண்பரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் ஆற்றின் நீர்வரத்தைச் சிற்றலையில் எவரும் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்வது உள்ளூர்ப் பண்பலையும் மத்திய அலையும்தான். அதனால்தான் மூன்று அலைகளும் உள்ள பெட்டியைச் சொல்கிறேன். பண்பலை பள்ளத்தில் எட்டாத இடத்திலும், தரையை ஒட்டிச் செல்லும் மத்திய அலை பகலில் ஓரளவு வரும். இரவில் தொலைதூர நிலையங்களும் சேர்ந்து வரும். சிற்றலை எதற்கு என்றால், நீங்கள் நிற்கும் நாட்டின் இணையமோ மின்சாரமோ எதுவும் வேலை செய்யாத நாளில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒருவரின் செய்தியை இடையில் எந்தக் கம்பியும் கோபுரமும் இல்லாமல் கேட்பதற்கு. அந்த நாள் வராது என்று ஓசூர் நேயர் நம்பினால், பெட்டி வாங்காமல் இருப்பது அவர் உரிமை.

ராயக்கோட்டை, கல்லூரி மாணவர்: விவாதம் போதும் ஐயா. நல்ல வானொலி ஒன்று சொல்லுங்கள்.

பதில்: காவேரிப்பட்டணம் நேயருக்கு எழுதியதைப் படியுங்கள் தம்பி.

பர்கூர்: பயணத்துக்கு ஏற்ற சிறந்த வானொலி எது?

பதில்: அதே பதில்.

பென்னாகரம், பள்ளி ஆசிரியர்: பெட்டி என்னிடம் இருக்கிறது. எந்த நேரத்தில் எந்த மீட்டரில் தேடுவது என்றுதான் புரியவில்லை.

பதில்: நல்ல கேள்வி, பெட்டி வாங்கியவர்களில் பலர் ஒரே வாரத்தில் அதைப் பரணில் போடுவதற்குக் காரணம் இது தெரியாததுதான். பகலில் உயர்ந்த அலைவரிசைகள், இரவில் தாழ்ந்தவை. நண்பகலில் 16, 19 மீட்டர்களில், அதாவது 17,480 கிலோஹெர்ட்ஸ், 15,100 கிலோஹெர்ட்ஸ் தொடங்கும் பகுதிகளில் தேடுங்கள். பொழுது சாய்ந்ததும் 25, 31 மீட்டருக்கு இறங்குங்கள். 9,400 முதல் 9,900 வரையிலான 31 மீட்டர்தான் மாலையில் அதிகம் கைகொடுக்கும். இரவு ஏறியபின் 41, 49 மீட்டர். அயனி மண்டலத்தின் கீழடுக்கு பகலில் தாழ்ந்த அலைகளை விழுங்கிவிடுகிறது, சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கே கலைந்துபோகிறது. மத்திய அலையில் இரவு மட்டும் தொலைதூர நிலையங்கள் வருவதற்கும் இதுவே காரணம்.

ஒலிபரப்பு அட்டவணைகள் மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் மாறும். சென்ற குளிர்காலப் பட்டியலை வைத்துக்கொண்டு கோடையில் தேடாதீர்கள். அட்டவணையில் இருப்பது உலகப் பொது நேரம், நம் நேரம் தெரிய அதோடு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். சன்னலோரம் ஐந்தாறு மீட்டர் உறையிட்ட கம்பியைக் கட்டி, ஏரியலில் ஒரு கிளிப்பால் பிடித்துவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். மின்கம்பிக்கு அருகில் கட்டாதீர்கள், இடி இடிக்கும்போது கழற்றிவிடுங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டீர்கள்தானே?

தர்மபுரி, லாரி ஓட்டுநர்: வண்டியில் சிற்றலை வருமா, அண்ணா?

பதில்: ஓடும்போது வராது. என்ஜினோடு ஓடும் மின்னாக்கியின் இரைச்சல் அதை மூழ்கடித்துவிடும். கேபினும் இரும்புக் கூடு. வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, இறங்கி வந்து கேளுங்கள்.

மொரப்பூர்: ரயிலில்?

பதில்: மின்மயமான பாதையில் தலைக்கு மேலே 25,000 வோல்ட். கைபேசியில் கேளுங்கள்.

கிருஷ்ணகிரி, பட்டதாரி: எஸ்எஸ்பி என்று ஒன்றுக்குக் கூடுதலாகப் பணம் தர வேண்டுமா? அமெச்சூர் வானொலிக்காரர்கள் பேச்சைக் கேட்க உரிமம் வேண்டுமா?

பதில்: அவர்களின் பேச்சைக் கேட்கத்தான் எஸ்எஸ்பி. அது இல்லாத பெட்டியில் 7,000 முதல் 7,200 கிலோஹெர்ட்ஸ் வரை தேடினால் வாத்து கத்துவது போல் ஏதோ கேட்கும். எஸ்எஸ்பியைப் போட்டு மெல்லத் திருகினால் அதே கத்தல் மனிதக் குரலாக மாறும். செய்தி மட்டும் கேட்பவருக்கு அது தேவையில்லை. நீங்கள் பதிலுக்குப் பேச வேண்டும் என்றால் மத்திய அரசு நடத்தும் தேர்வை எழுதி உரிமம் பெற வேண்டும்.

ஊத்தங்கரை: புதுப் பெட்டியில் சிற்றலை முழுக்க இரைச்சல். பழுதா?

பதில்: சார்ஜர்.

காரிமங்கலம், மின்னணு மாணவர்: பழைய சோனி ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ7600ஜிஆர் ஒன்று விற்பனைக்கு வருகிறது. புதிதாக ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதா, இதை வாங்குவதா?

பதில்: 2001இல் வந்த பெட்டி அது, நலிந்த நிலையத்தை அலைவரிசையின் ஒரு பக்கத்தில் மட்டும் பூட்டிக் கேட்கும் வசதி அதில் மிக நன்று. நான்கு சாதாரண பென்சில் பேட்டரியில் ஓடுவது பயணத்துக்கு இன்னொரு வசதி. நேரில் போய், பேட்டரி அறையில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏரியலை முழுக்க நீட்டி ஒவ்வொரு கண்ணியாக ஆட்டுங்கள். 10,000 கிலோஹெர்ட்ஸில் எஸ்எஸ்பியை மாற்றி மாற்றிப் போட்டு, அலைவரிசை நழுவாமல் நிற்கிறதா என்று கேளுங்கள். மூன்றும் சரியென்றால் வாங்கலாம்.

புதிதைத் தருவிப்பதானால், சுங்க வரியையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். வைஃபை, புளூடூத் உள்ள பெட்டிகளுக்குச் சுங்கத்தில் கூடுதல் கேள்விகள் எழலாம். லித்தியம் பேட்டரியை உடன் அனுப்பாத விற்பனையாளர்கள் உண்டு, இங்கேயே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். பெட்டியில் டைப்-சி துளை இருந்தும், இரு முனையிலும் டைப்-சி உள்ள கேபிளில் மின்னேறவில்லை என்றால் பதற வேண்டாம். மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் அதற்கான மின்தடையை வைக்காமல் விட்டிருப்பார்கள். ஒரு முனை பழைய அகல யுஎஸ்பியாக இருக்கும் கேபிளைப் போட்டால் ஏறும்.