குளச்சல் சாலைக்குப் போலோவா, புன்ட்டோவா?

கேள்வி: என் வீடு குளச்சலில், கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நாகர்கோவிலில் ஒரு வங்கியில் பணிபுரிகிறேன். திங்கள்சந்தை, பார்வதிபுரம் வழியாக நாள்தோறும் போகவர ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மாதம் ஒரு முறை திருநெல்வேலி செல்வேன். ஓட்டும்போது மகிழ்ச்சி தரும் பழைய கார் ஒன்றை வாங்க விரும்பி, இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, நாகர்கோவிலில் முதல் உரிமையாளரிடமே உள்ள 2016ஆம் ஆண்டு ஃபியட் அபார்த் புன்ட்டோ. 61,000 கிலோமீட்டர் ஓடியது. மற்றொன்று, திருவனந்தபுரத்தில் மூன்றாவது உரிமையாளர் விற்கும் 2014ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 84,000 கிலோமீட்டர் ஓடியது. விலை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஃபியட்டுக்கு ஸ்பேர் கிடைக்காது என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களை வைத்துச் சொல்வதானால், நான் புன்ட்டோவைத்தான் பரிந்துரைப்பேன். அதன் 145 குதிரைத்திறனை மனத்தில் வைத்து இதைச் சொல்லவில்லை. அலுவலகத்துக்கு ஓட்டும் வண்டி காலை எட்டு மணிக்கு வாசலில் கிளம்பத் தயாராக நிற்க வேண்டும். என்றாவது நின்றுவிட்டால், அதைச் சரிசெய்யத் தெரிந்த கை நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். இந்த அளவுகோலில்தான் புன்ட்டோ முந்துகிறது.

போலோவின் சிறப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2013இல் இந்தியாவுக்கு வந்த ஜிடி டிஎஸ்ஐயில் உள்ள 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் 105 குதிரைத்திறனும் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. அந்த முறுக்குவிசை எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழலும்போதே முழுமையாகக் கிடைத்துவிடுவதால், வேப்பமூட்டிலிருந்து மணிமேடை வரை ஊர்ந்து போகும் நெரிசலிலும் வண்டி அலுப்பில்லாமல் நகரும். ஏழு கியர் கொண்ட தானியங்கிப் பெட்டி இருப்பதால் இடது காலுக்கு வேலையே இல்லை. ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும் வசதியும், வளைவில் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பும் உண்டு. நல்ல நிலையில் இருக்கும் ஒரு போலோவை ஓட்டிவிட்டு இறங்கும் எவருக்கும் அதை வாங்கத்தான் தோன்றும்.

ஆனால் அந்த வண்டியின் இன்பம் எங்கே இருக்கிறதோ, இடரும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கியர்ப்பெட்டி இரண்டு உலர் கிளட்சுகளைக் கொண்டது. நீங்கள் முன்னோக்கி ஓட்டும் டி நிலையில் வைத்துப் பிரேக்கைச் சற்றே தளர்த்தி ஊர்ந்து செல்லும் ஒவ்வொரு கணமும், கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் சூடாகிக்கொண்டிருக்கும். எண்ணெயில் நனைந்த கிளட்ச் என்றால் எண்ணெய் அந்தச் சூட்டை எடுத்துச் சென்றுவிடும். இதற்கு அந்த வாய்ப்பு இல்லை. மேலும், கியர் மாற்றும் வேலையைச் செய்யும் மெக்கட்ரானிக் என்ற மின்னணு-நீரியல் தொகுதி, இவ்வகைக் கியர்ப்பெட்டியில் பல நாடுகளில் பழுதுக்குப் பேர்போனது. 2013இல் அந்நிறுவனமே உலகளவில் வண்டிகளைத் திரும்ப அழைத்து, அதிலிருந்த செயற்கை எண்ணெயை நீக்கிக் கனிம எண்ணெய் ஊற்றிக் கொடுத்தது. அந்தத் தொகுதியை மாற்ற நேர்ந்தால் செலவு லட்சத்தைத் தாண்டும். செலவைவிடப் பெரிய சிக்கல், கணினி இணைத்துப் பிழையைக் கண்டறிந்து, மாற்றிய பின் முறையாக அளவமைத்துக் கொடுக்கும் திறமையும் கருவியும் எல்லாப் பட்டறைகளிலும் இராது என்பதுதான். 84,000 கிலோமீட்டர் ஓடி, மூன்று கைகள் மாறிய ஒரு வண்டியில், முதல் இரண்டு உரிமையாளர்களும் அதை எப்படி ஊர்ந்து ஓட்டினார்கள் என்பதை யாரிடம் கேட்பீர்கள்?

புன்ட்டோவில் இருப்பது ஐந்து கியர் கொண்ட சாதாரணக் கைமுறைப் பெட்டி. கிளட்ச் தேய்ந்தால் நாகர்கோவிலில் அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் பெட்டியை இறக்கி மாற்றிவிடுவார். 2015 அக்டோபரில் வெளிவந்த இந்தக் காரின் 1.4 லிட்டர் டி-ஜெட் எஞ்சின் 212 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, முப்பந்தல் காற்றாலைகளின் நடுவே பக்கக்காற்று வண்டியைத் தள்ளும் அந்த நீண்ட நேர்ச்சாலையில் இதன் கனமும் ஸ்டீயரிங்கின் உறுதியும் என்ன என்பதை உணர்வீர்கள். மாதம் ஒரு முறை திருநெல்வேலி செல்லும் உங்களுக்கு அது பெரிய கொடை.

குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். 2,000 சுற்றுக்குக் கீழே இந்த எஞ்சின் சோம்பலானது. நெரிசலில் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையே நீங்கள் ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். தரையிலிருந்து இதன் உயரம் 155 மில்லிமீட்டர்தான். நம் ஊர் உட்சாலைகளில் அளவின்றிக் கட்டி வைத்திருக்கும் வேகத்தடைகளில், நான்கு பேர் ஏறியிருந்தால், அடிவயிறு உரசும். குறுக்காக, மிக மெதுவாக ஏற்றி இறக்கப் பழகிக்கொள்ள வேண்டும். எரிபொருளிலும் வேறுபாடு உண்டு. உங்கள் வழியில் புன்ட்டோ லிட்டருக்கு 10, போலோ 13 கிலோமீட்டர் தருவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடினால் புன்ட்டோ ஏறத்தாழ 277 லிட்டர் கூடுதலாகக் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 27,700 ரூபாய். மூன்று ஆண்டில் 83,000 ரூபாய். அது ஒரு மெக்கட்ரானிக் பழுதைவிடக் குறைவு என்றாலும், உறுதியாக வரும் செலவு. அதற்கு மனம் ஒப்பவில்லை என்றால் இப்போதே விலகிவிடுவது நல்லது.

நண்பர்கள் ஸ்பேர் பற்றிச் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி நடப்புக்கு வருவதற்கு முன்பே ஃபியட் கார்களின் விற்பனை இந்தியாவில் முடிந்துவிட்டது. ஆனால் இதே டி-ஜெட் எஞ்சின் குடும்பம் ஃபியட்டின் லீனியா காரிலும் இருந்தது. கதவு, போனட் போன்ற உடற்பகுதிகள் சாதாரணப் புன்ட்டோவோடு ஒத்தவை. அதனால் பெல்ட், ஃபில்டர், பிரேக் பேட் போன்ற ஓட்டத்துக்குத் தேவையானவை தேடினால் கிடைக்கும். அபார்த்துக்கென்றே செய்யப்பட்ட பம்பரும் அலாய் சக்கரமும் உடைந்தால்தான் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆகவே உங்களிடம் இருசக்கர வண்டி இருந்தால், அதை விற்றுவிடாதீர்கள். பெல்ட், ஃபில்டர்கள், பிரேக் பேட், கிளட்ச் தொகுதி ஆகியவற்றை வாங்கிய முதல் மாதத்திலேயே வரவழைத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். போலோவின் உற்பத்தியும் இந்தியாவில் 2022இல் நின்றுவிட்டது என்பதை நண்பர்களுக்கும் சொல்லலாம். ஆனால் அந்நிறுவனம் இங்கே தொடர்வதால் அதன் ஸ்பேர் நிலை ஃபியட்டைவிட மேலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி, நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்த செய்திக்கு வருகிறேன்: கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர். இரண்டில் எதை வாங்கினாலும் உங்கள் வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கப் போவது உப்புக்காற்றுதான். ஐந்து ஆண்டுகள் முட்டம் பக்கத்தில் நான் நிறுத்தி வைத்திருந்த ஒரு கார், வெளியே பளபளப்பாகவே இருந்தது. ஒரு நாள் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபோது பெடல் தரைவரை அமிழ்ந்தது. கைப்பிரேக்கும் கீழ்க் கியரும்தான் அன்று என்னைக் காப்பாற்றின. அடியில் ஓடும் பிரேக் குழாய் உப்பில் அரித்து ஊசித்துளை விழுந்திருந்தது. மேலே மெழுகு பூசுவதில் நான் காட்டிய அக்கறையில் கால் பங்கை அடியில் காட்டியிருந்தால் அது நேர்ந்திருக்காது. அந்த நாளுக்குப் பிறகு, கார் பார்க்கப் போகும் எவரையும் முதலில் கீழே குனியச் சொல்கிறேன்.

ஆகவே வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். பிரேக் குழாய்கள், சக்கர வளைவின் உள்விளிம்பு, கதவின் கீழ்மடிப்பு, பேட்டரி தட்டு, பின் டிஸ்குகள், ஏ.சி. கண்டென்சரின் மெல்லிய தகடுகள் ஆகிய இடங்களில்தான் உப்பு முதலில் வாய் வைக்கும். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகள் அடைந்திருந்தால் ஊக்கு விட்டுத் திறந்துவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு வாரம் ஒரு முறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். தென்மேற்குப் பருவத்தில், கடல் சீறும் நாட்களில், வாரம் இரு முறை. அடிப்பூச்சு அடிப்பதாக இருந்தால், துருவைச் சுரண்டி, நன்கு உலர்ந்த பிறகு, கோடையில் மட்டுமே அடிக்க வேண்டும்; ஈரத்தின் மேல் பூசப்பட்ட பூச்சு துருவை உள்ளே வைத்து வளர்க்கும்.

திருவனந்தபுரத்து வண்டியில் இன்னும் இரண்டு கவலைகள் உண்டு. கேரளப் பதிவெண் கொண்ட வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி தமிழ்நாட்டுப் பதிவெண் பெற வேண்டும். அங்கிருந்து தடையில்லாச் சான்று, இங்கே வண்டியின் வயதுக்கேற்ற வரி என்று செலவும் அலைச்சலும் உண்டு. மார்த்தாண்டம் பக்கம் எத்தனையோ பேர் கேரள எண்ணிலேயே ஆண்டுக்கணக்காக ஓட்டுகிறார்கள் என்பது வழிகாட்டி ஆகாது. இரண்டாவது, 2018 ஆகஸ்டு வெள்ளம். அவ்வாண்டு கேரளத்தில் மூழ்கிய கார்கள் பல, கழுவித் துடைக்கப்பட்டுக் கைமாறியிருக்கின்றன. இருக்கைத் தண்டவாளத்தின் துரு, தரைவிரிப்பின் அடியில் படிந்த மென்மணல், சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் நுனியில் தெரியும் கறை ஆகியவை பொய் சொல்லா. 2017இல் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தையும் சும்மா விடவில்லை என்பதால் புன்ட்டோவிலும் இவற்றைப் பாருங்கள்.

பதிவுக் காலமும் கணக்கில் வர வேண்டும். தனியார் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகள். போலோவுக்கு 2029இலும் புன்ட்டோவுக்கு 2031இலும் அது முடியும். அதன் பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தகுதிச் சோதனையும் புதுப்பிப்பும் பசுமை வரியும் உண்டு. அந்த இரண்டு ஆண்டு இடைவெளி உங்களுக்குச் சிறிதல்ல.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வண்டிகளும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, பழைய வகை நான்கு சக்கர வண்டிகளில் எரிபொருள் திறன் 6 முதல் 7 விழுக்காடு குறையலாம் என்று மதிப்பிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். எனவே நம் கடற்கரையில் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும் வண்டிக்குத்தான் அதிகக் கேடு. நாள்தோறும் ஓட்டும் உங்களுக்கு அந்த அச்சம் குறைவு. எரிபொருள் ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

புன்ட்டோவை ஓட்டிப் பார்க்கும் நாளில், வருவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்க வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லிவையுங்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது நீலப்புகை வருகிறதா என்று பாருங்கள். நான்காம் கியரில் 2,000 சுற்றில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது வேகம் ஏறாமல் சுற்று மட்டும் ஏறினால் கிளட்ச் போயிற்று என்று பொருள். விலையில் கழிக்கச் சொல்லுங்கள். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது, தேயாமல் இருந்தாலும் மாற்ற வேண்டியது. எல்லாவற்றுக்கும் மேலாக, வால்வுகளையும் பிஸ்டன்களையும் இசைவாக இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். இந்த எஞ்சினில் அது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சினே பாழாகும். கிலோமீட்டர் குறைவு என்ற பதிலை ஏற்காதீர்கள்; பெல்ட் ரப்பர், அதற்கு வயதும் ஒரு கணக்கு. மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், பணம் கொடுத்த அன்று வண்டியைக் குளச்சலுக்கு ஓட்டி வர வேண்டாம். நாகர்கோவிலிலேயே நேராகப் பட்டறையில் விட்டு, பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் தண்ணீர்ப் பம்பையும் ஒருசேர மாற்றிய பிறகே சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.