குச்சிக்கிழங்கும் கட்-ஆப் மார்க்கும்: பொறியியல் படிப்பு, வாசகர் கேள்வி – பதில்

காலத்துக்கு ஏற்ப பொறியியல் படிப்பு எப்படி மாற வேண்டும் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். சேலம் பக்கமிருந்து வந்த கடிதங்களில் யோசனைகளைவிடக் கேள்விகளே அதிகம். ஐந்தை எடுத்துக்கொண்டோம். பதில் சொல்பவர்கள் எங்கள் தொழில்நுட்பக் குழுவினர்.

மகளுக்குக் கட்-ஆப் 171. வீட்டில் எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்கள். ஏஐ வந்தபின் அந்த வேலையே இருக்காது என்று பக்கத்து வீட்டுப் பையன் பயமுறுத்துகிறான். எங்களுக்கு எட்டு விசைத்தறி ஓடுகிறது. எதில் சேர்ப்பது?
– ஒரு தாய், அம்மாப்பேட்டை

அந்த 171-ஐ முதலில் பிரித்துப் பாருங்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குப் போடும் கணக்கு அது. கணிதத்தில் 90 தாண்டிய பிள்ளையும், வேதியியலால் மேலே வந்த பிள்ளையும் ஒரே கட்-ஆப்பில் நிற்கலாம். ஆனால் முதல் இரண்டு செமஸ்டரின் கணிதம் இருவரையும் ஒன்றுபோல் விடாது. கணிதம் தொய்வாக இருந்தால் எந்தத் துறை என்பதைவிட, கல்லூரி திறக்கும் முன் இருக்கும் நாட்களில் வகையீடும் தொகையீடும் பழகுவதுதான் அவசரம்.

பக்கத்து வீட்டுப் பையன் சொல்வதில் பாதி உண்மை. நிரல் எழுதுவதை ஏஐ இப்போதே நன்றாகச் செய்கிறது. எதை எழுதச் சொல்வது, வந்த விடை சரியா என்று பார்ப்பது, தவறினால் யார் பொறுப்பு என்பதெல்லாம் இன்னும் மனிதர் தலையில்தான். உங்கள் தறிக்கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுத் தறிக்கும் எவ்வளவு மின்சாரம் ஆகிறது என்று கணக்கிட ஒரு நிரல் கேட்டால் அரை நிமிடத்தில் வந்துவிடும். மூன்று பேஸ் மோட்டாருக்கு வோல்ட், ஆம்பியர், 1.732, பவர் பேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) நான்கையும் பெருக்க வேண்டும் என்பதும் அதற்குத் தெரியும். ஆனால் மோட்டாரின் பெயர்த்தகட்டில் 0.8 என்று பொறித்திருக்கும் பவர் பேக்டர் முழுச் சுமைக்கானது. பாதிச் சுமைக்கும் கீழே ஓடும் மோட்டாரில் அது 0.5 பக்கம் இறங்கிவிடும். தகட்டைப் பார்த்து 0.8 போட்டால் நிரலில் பிழை இருக்காது, விடையில் இருக்கும். இதைப் பிடிக்கத் தெரிந்த பெண்ணுக்கு எந்தத் துறையிலும் வேலை உண்டு.

துறையைவிட ஆய்வகத்தைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். சேர்க்கைக்கு முன் ஒரு வேலை நாளில், மதியத்துக்கு மேல், நேரில் போய்ப் பாருங்கள். ஒரு சோதனை மேசைக்கு எத்தனை மாணவர்? மூன்று வரை பரவாயில்லை. ஏழெட்டுப் பேர் என்றால் இருவர் செய்வார்கள், மீதிப் பேர் ரெக்கார்டு நோட்டில் நகலெடுப்பார்கள். லேத்தின் மேல் தூசி படிந்திருக்கிறதா, எண்ணெய் படிந்திருக்கிறதா? வகுப்பு முடிந்த பிறகு ஆய்வகம் திறந்திருக்குமா? பேருந்து புறப்படுகிறது என்று நான்கு மணிக்கே பூட்டும் கல்லூரிகள் உண்டு. வரவேற்பறையில் தரும் வண்ணப் புத்தகத்தில் இதெல்லாம் இருக்காது.

கம்ப்யூட்டர் தவிர வேறு துறை எடுத்தாலும் கதவு மூடிவிடாது. ஏஐசிடிஇ-யின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) 2018 மாதிரிப் பாடத்திட்டத்தில் பட்டத்துக்கு 160 கிரெடிட். அதற்கு மேல் 18 முதல் 20 கிரெடிட் கூடுதலாகப் படித்தால் இன்னொரு துறையில் மைனர் பட்டமும் சேர்ந்து வரும். சேரும் கல்லூரி அதை நடத்துகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை மறந்துவிடாதீர்கள்.

காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். பையன் எலக்ட்ரிக்கல் மூன்றாம் ஆண்டு. பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் இயந்திரத்தின் மோட்டார் உறுமுகிறதே தவிரப் புறப்பட மறுக்கிறது. கேட்டால், "அதெல்லாம் சிலபஸில் இல்லைப்பா" என்கிறான். பிறகு எதற்கு இந்தப் படிப்பு?
– ஏற்காடு வாசகர்

சிலபஸில் இருக்கிறது, அதுவும் முதலாம் ஆண்டிலேயே. ஓம் விதிதான் அது. தம்பிக்கு அது கேள்வித்தாளில் பார்த்தால் தெரியும், தோட்டத்தில் பார்த்தால் தெரியாது. தேர்வில் "கம்பியின் தடை 1.45 ஓம்" என்று கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். தோட்டத்தில் அதை யாரும் தர மாட்டார்கள், அவரேதான் அளந்து கண்டுபிடிக்க வேண்டும்.

மீட்டர் பெட்டியிலிருந்து பல்ப்பர் கொட்டகைக்கு 60 மீட்டர் இருக்கிறது, 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி இழுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம் தடை. போக 60, வர 60, மொத்தம் 120 மீட்டர். தடை சுமார் 1.45 ஓம். ஒரு குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 6 ஆம்பியர் எடுத்தால் 9 வோல்ட்தான் இழப்பு. அதனால் சும்மா அளக்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும். புறப்படும் நொடியில் 30 ஆம்பியர் இழுத்தால் இழப்பு 43 வோல்ட். பெட்டியில் 220 இருந்தாலும் மோட்டாருக்குப் போய்ச் சேருவது 177. மோட்டாரின் திருகுவிசை வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 177-ஐ மோட்டாருக்குரிய 230-ஆல் வகுத்து இருமடி ஆக்கினால் 0.59. பத்துக்கு ஆறு பங்கு விசைதான் கிடைக்கிறது. உருளையில் பழம் சிக்கியிருந்தால் அது எப்படிச் சுற்றும்?

தம்பியை இப்படிச் செய்யச் சொல்லுங்கள். முதலில் மெயினை அணைத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றி, உருளையைக் கையால் சுற்றிப் பார்க்கட்டும். சுற்றவில்லை என்றால் கோளாறு பேரிங்கிலோ பழத்திலோதான், கணக்கே தேவையில்லை. சுற்றினால், மோட்டாரைப் புறப்பட வைக்கும் கெபாசிட்டரை அடுத்துப் பார்க்கட்டும். அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதால், தடையம் வழியாக இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். மேலே எழுதியிருக்கும் மைக்ரோபேரட் மதிப்பைவிட அளவு நன்றாகக் குறைந்திருந்தால் மாற்றிவிடலாம். அதுவும் சரி என்றால், மோட்டார் முனையில் மீட்டரை வைத்து, புறப்படும் நொடியில் வோல்ட் எவ்வளவு விழுகிறது என்று பார்க்கட்டும். 180-க்குக் கீழே விழுந்தால் கம்பிதான் குற்றவாளி. 4 சதுர மி.மீ. கம்பி போட்டால் அதே 30 ஆம்பியருக்கு இழப்பு 17 வோல்ட்டுக்குள் அடங்கும். பெட்டியிலேயே வோல்ட் தாழ்ந்திருந்தால் உங்கள் வயரை மாற்றிப் பயனில்லை, மின்வாரியத்திடம்தான் போக வேண்டும்.

உறுமும் மோட்டாருக்குச் சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். சுற்றாமல் நிற்கும் மோட்டாரில் கம்பிச்சுருள் கருக அதிக நேரம் ஆகாது.

இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அறிக்கை, மாடல், வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) கேள்வி பதில் எல்லாம் ஒரே பொட்டலம். எங்களுக்கும் தெரியும், மாணவர்களுக்கும் தெரியும். எப்படி நிறுத்துவது?
– ஒரு விரிவுரையாளர், ஆத்தூர் சாலை

கடையில் கிடைக்காத புராஜெக்டைக் கொடுங்கள். தலைப்பைப் புதிதாக வைத்தால் போதாது, கடைக்காரர் ஒரு வாரத்தில் அதையும் செய்துவிடுவார். அவரால் தர முடியாதது ஒன்றுதான்: இந்த ஊரில், இந்த மாணவரே அளந்த எண்கள். சேலத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. உங்கள் சாலையிலேயே எத்தனை சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள்!

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகவே சொல்லிவிடுகிறோம். ஜவ்வரிசி களத்தில் காய்கிறது. எப்போது அள்ளுவது? கையில் எடுத்துப் பார்த்து, பல்லில் கடித்துச் சொல்கிறார்கள். ஈரம் 12 சதவீதத்துக்கு வர வேண்டும். கூடினால் மூட்டையில் பூஞ்சை பிடிக்கும். அதற்கு மேலும் காயவிட்டால் எடை போகும், எடை போனால் காசு போகும். புராஜெக்ட் இதுதான்: எடையை வைத்து ஈரத்தைச் சொல்லும் ஒரு தட்டு.

பொருள்கள்: 5 கிலோ லோட்செல் (எடையை உணரும் கருவி) இரண்டு, அதன் அளவை எண்ணாக்கும் ஹெச்எக்ஸ்711 போர்டு இரண்டு, அதைப் பதியும் ஈஎஸ்பி32 போர்டு ஒன்று, அலுமினியத் தட்டு, பவர் பேங்க். மூவாயிரம் ரூபாய்க்குள் முடித்துவிடலாம். தட்டில் 2 கிலோ ஈர ஜவ்வரிசியைக் களத்தில் பரப்பும் அதே கனத்தில் பரப்பி, நிமிடத்துக்கு ஒருமுறை எடையைப் பதிய வேண்டும். தொடக்க ஈரம் 40 சதவீதம் என்றால் அதில் காய்ந்த மாவு 1200 கிராம். 12 சதவீத ஈரத்துக்கு 1200-ஐ 0.88-ஆல் வகுத்தால் 1364. எடை 1364 கிராமைத் தொட்டதும் அள்ளலாம்.

இதுவரை பிளஸ் டூ கணக்குதான். பொறியியல் இனிமேல்தான் ஆரம்பம். அந்த 40 சதவீதம் உண்மையில் 42 என்றால்? காய்ந்த மாவு 1160 கிராம்தான். 1364-இல் அள்ளினால் 204 கிராம் தண்ணீர் இருக்கும், அதாவது 15 சதவீதம். தொடக்கத்தில் இரண்டு புள்ளி தவறினால் முடிவில் மூன்று புள்ளி தவறுகிறது, மூட்டை கெடுகிறது. எனவே ஒவ்வொரு நாளும் 10 கிராம் மாதிரி எடுத்து, 105 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை காயவைத்து, தொடக்க ஈரத்தை அளந்தே ஆக வேண்டும். இதை மாணவரே கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

எங்கெல்லாம் இடறும்? லோட்செல்லின் இரு முனைகளையும் பலகையோடு இறுக்கிவிடுவார்கள், அது வளையாது, எடையும் காட்டாது. ஒரு முனை பலகையில், மறு முனை தட்டில், இடையில் வாஷர் வைத்து இடைவெளி விட வேண்டும். பச்சை, வெள்ளை வயர் மாறினால் எடை கழித்தலில் வரும். பதிவுக்கு இடையில் போர்டைத் தூங்க வைத்தால், மின்னோட்டம் குறைந்துவிட்டது என்று சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். காற்று தட்டைத் தூக்கும். மறைப்பு வைத்தால் காய்வதே மாறிவிடும், ஆகவே ஒரு நிமிடத்து அளவுகளின் நடு மதிப்பை எடுப்பதுதான் வழி. எல்லாவற்றிலும் பெரிய தொல்லை வெயில். லோட்செல் சூடேறினால் அதன் பூஜ்ஜிய அளவு நகரும், தட்டில் ஒன்றும் மாறாமலே எடை மாறும். இரண்டாவது லோட்செல் அதற்குத்தான். அதன்மேல் முத்திரையிட்ட ஒரு கிலோ எடைக்கல்லை வைத்து, அதே வெயிலில் பக்கத்திலேயே நிறுத்துங்கள். அது எவ்வளவு நகர்கிறதோ அதை முதல் எடையிலிருந்து கழியுங்கள். இரண்டு செல்லும் ஒரே மாதிரி நகராது, ஆனாலும் பெரும்பகுதி பிழை போய்விடும்.

வைவாவில் "இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்காதீர்கள், அதற்கான விடை கடையில் விற்கிறது. "உங்கள் அளவு எத்தனை கிராம் தவறும்? எப்படித் தெரியும்? எந்த நாள் பதிவைத் தூக்கிப் போட்டீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். தேதி போட்ட பேனா எழுத்து நோட்டுக்குப் பாதி மதிப்பெண் வையுங்கள். கருவி தோற்றாலும் காரணம் சொன்னவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். இதைச் செய்ய மனமில்லை என்றால் கடையைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதலாம் ஆண்டுக்கும் ஒன்று சொல்லலாம். ஆலையில் குச்சிக்கிழங்குக்கு (மரவள்ளி) "பாயிண்ட்", அதாவது மாவுச்சத்தின் அளவு, பார்த்து விலை போடுகிறார்களே, அது ஆர்க்கிமிடீஸ்தான். 5 கிலோ கிழங்கு நீருக்குள் 500 கிராம் எடை காட்டினால் ஒப்படர்த்தி (நீரைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி) 5-ஐ 4.5-ஆல் வகுக்க 1.111. அடர்த்தி கூடினால் மாவு கூடுதல். அந்த 5 கிலோவில் 100 கிராம் மண் ஒட்டியிருந்தால்? மண் நீருக்குள்ளும் சுமார் 62 கிராம் நிற்கும், ஒப்படர்த்தி 1.124 என்று ஏறிவிடும். ஆலைக்காரர் மண்ணுக்குப் பிடித்தம் கேட்பதும், உழவர் அதை மறுப்பதும் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வாளித் தண்ணீரில் புரிந்துவிடும். வழக்கமான கண்ணாடிக் குண்டுச் சோதனையைவிட இது மாணவர் மனதில் நிற்கும்.

தமிழ் வழியில் படித்தேன். முதல் செமஸ்டரில் கணிதமும் என்ஜினியரிங் டிராயிங்கும் அரியர். பாடம் புரியவில்லையா, ஆங்கிலம் புரியவில்லையா என்றே தெரியவில்லை.
– மாணவர், வாழப்பாடி

அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தோற்ற கணிதத் தாளில் ஐந்து கணக்குகளை எடுத்து, கேள்வியை மட்டும் நண்பரிடம் தமிழில் சொல்லச் சொல்லிப் போட்டுப் பாருங்கள். மூன்று வந்துவிட்டால் சிக்கல் மொழியில்தான். நோட்டை இரண்டு பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் கணக்கின் படிகளையும், வலப்பக்கம் "ஏன் இந்தப் படி" என்று உங்கள் தமிழில் ஒரு வரியும் எழுதுங்கள். வலப்பக்கம் காலியாக நிற்கும் இடம்தான் உங்களுக்குத் தெரியாத இடம். கணக்கு வரவில்லை என்றால் பிளஸ் ஒன் புத்தகத்துக்குத் திரும்பிப் போவதில் வெட்கமில்லை.

டிராயிங்குக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தேவையில்லை, கண்தான் பழக வேண்டும். ஒரு கேரட்டும் கத்தியும் எடுங்கள். சாய்வாக வெட்டினால் நீள்வட்டம். பக்கத்துச் சாய்வுக்கு இணையாக வெட்டினால் பரவளையம். வெட்டிய துண்டைக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்து, பிறகு தாளில் போட்டுப் பாருங்கள். நம் பாடத்தில் முதற்கோண முறை என்பதால் மேலிருந்து பார்ப்பது முன்தோற்றத்துக்குக் கீழே வரும், இடமிருந்து பார்ப்பது வலப்பக்கம் வரும். இதை மாற்றி வரைவதுதான் எல்லாரும் செய்யும் தவறு.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கிவிட்டது. தமிழில் யோசிப்பது குறை இல்லை. ஆனால் வேலைக்குப் போனால் டேட்டா ஷீட் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தினம் ஒரு பக்கம் படித்துப் பழகுங்கள்.

பாலிடெக்னிக் மெக்கானிக்கல் முடிக்கிறேன். நேரே வேலையா, இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்வதா?
– மேட்டூர் வாசகர்

வீட்டில் பணம் நெருக்கடி இல்லை என்றால், அப்ரண்டிஸாக ஓராண்டு ஆலையில் இருந்துவிட்டுப் பிறகு சேருங்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் டிப்ளமோ முடித்தவருக்கும் உதவித்தொகையோடு பயிற்சி உண்டு. லேட்டரல் என்ட்ரியில் (நேரே இரண்டாம் ஆண்டில்) வருபவர்கள் பட்டறையில் கெட்டி, கணிதத்தில் தடுமாறுவார்கள். முதலாம் ஆண்டின் கணிதம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை, மூன்றாம் செமஸ்டர் கணிதமோ அது தெரியும் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறது. அப்ரண்டிஸ் ஆண்டில் இரவு ஒரு மணி நேரம் அணிகள், பகுதி வகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு மூன்றை மட்டும் முடித்துவிடுங்கள். ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் என்பிடெல் வகுப்புகள் இலவசம். அப்ரண்டிஸ் சான்றிதழை வாங்கும்போது பெயர், பிறந்த தேதி இரண்டும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.