பேசிக்கொண்டே பின்னினால் கணக்குத் தப்புகிறதா?

கேள்வி: நாங்கள் ஆறு பேர் வாரத்தில் ஒரு மாலை கூடி, இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே பின்னுகிறோம். நான் கொண்டுபோவது ஒரு ஸ்வெட்டரின் முன்பக்கம். ஊசியில் 112 கண்ணி (நூல் வளையம்) இருக்க வேண்டும். போன முறை வீட்டுக்கு வந்து எண்ணினால் 115. நடுவில் சின்ன ஓட்டை ஒன்று தெரிகிறது. அங்கே பின்னிய பகுதி தளர்ந்தும் இருக்கிறது. மாதக்கணக்கில் கிடப்பில் போட்ட சால்வை ஒன்றும் உண்டு. கூட்டத்துக்கு எதைக் கொண்டுபோவது? இந்த முன்பக்கத்தை எப்படிச் சரிசெய்வது?

பதில்: பேச்சை நிறுத்த வேண்டியதில்லை. கணக்கை மனத்தில் வைத்திருப்பதை நிறுத்துங்கள், அதைத் துணியிலேயே வைத்துவிடுங்கள். பின்னல் கூட்டத்தில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இதில் அடங்கிவிடும்.

முதலில் அந்த ஓட்டை. அதன் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு வரிசை கூடுதலாக இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இருந்தால், வரிசையின் நடுவில் பின்னலைக் கீழே வைத்துவிட்டு, திரும்ப எடுக்கும்போது ஊசிகளைக் கை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். அப்படிப் பிடித்தால் பின்னி முடித்த கண்ணிகளின் மேலேயே திரும்பிப் போவீர்கள். திரும்பிய இடத்தில் ஓட்டை விழும். வலது கைக்காரர்களுக்கு விதி ஒன்றுதான்: உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ, அந்த ஊசி வலது கையில் இருக்க வேண்டும். அதைவிட நல்லது, வரிசையை முடிக்காமல் எழுந்திருக்காமல் இருப்பது. யாராவது கூப்பிட்டால், 'இந்த வரிசையை முடித்துவிட்டு வருகிறேன்' என்று சொன்னால் பின்னுகிறவர்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கூடிப்போன 3 கண்ணிகள் பெரும்பாலும் இரண்டு வழியில் வந்திருக்கும். ஒன்று ஓரத்தில் நடப்பது. வரிசை தொடங்கும்போது நூலை ஊசியின் மேலாக இழுத்துப் பின்னால் கொண்டுபோனால், முதல் கண்ணி மேலே எழும்பி, அதன் இரண்டு கால்களும் (வளையத்தின் இரு பக்க இழைகளும்) இரண்டு கண்ணி போலத் தெரியும். பேச்சு மும்முரத்தில் இரண்டாகவே பின்னிவிடுவோம். நூல் முன்பக்கம் கீழே தொங்கட்டும், அதை ஊசிக்கு அடியில் பின்னால் எடுங்கள். இரண்டாவது, ரிப் பின்னும்போது, அதாவது நிட் (V போலத் தெரியும் கண்ணி), பர்ல் (மேடு போலத் தெரியும் கண்ணி) இரண்டையும் மாறி மாறிப் பின்னும்போது, நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும் இடத்தில் நூல் ஊசிகளுக்கு இடையே போகாமல் ஊசியின் மேல் ஏறிவிடுவது. அது கூடுதல் கண்ணியோடு சின்னத் துளையையும் விட்டுப்போகும்.

இந்த இரண்டாவது வகைக்குப் பிரிக்கவே வேண்டாம். கூடுதல் கண்ணி தொடங்கும் இடம் துளையாகத் தெரிகிறதென்றால், அந்த ஒரு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிடுங்கள். அது நூல் ஏறிய இடம்வரை இறங்கி, அங்கேயே நின்றுவிடும். மிஞ்சும் தளர்ச்சியை ஊசி முனையால் இரண்டு பக்கக் கண்ணிகளுக்கும் பகிர்ந்துவிடலாம். ஓரத்தில் வந்ததற்கு, ஓரத்தை ஒட்டி இரண்டு கண்ணிகளை ஒன்றாகப் பின்னினால் போதும்; தைத்த பிறகு அது மடிப்புக்குள் போய்விடும்.

இனி இப்படி நடக்காமல் இருக்க, 20 கண்ணிக்கு ஒரு மார்க்கர் (அடையாள வளையம்) ஊசியில் போடுங்கள். 112 கண்ணி என்றால் ஐந்து இருபதும் கடைசியில் ஒரு பன்னிரண்டும். எண்ணிக்கை தப்பினால் எந்த இருபதில் தப்பியது என்று உடனே தெரியும். 10 வரிசைக்கு ஒருமுறை, திறந்து மூடும் மார்க்கர் ஒன்றைத் துணியிலேயே மாட்டுங்கள்.

கூட்டத்துக்குக் கிளம்புமுன் காப்பு நூல் கோத்துவிடுவது எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு. வேறு நிறத்தில் வழவழப்பான மெல்லிய பருத்தி நூலை முனை மொட்டையான தையல் ஊசியில் கோத்து, ஊசியிலுள்ள எல்லாக் கண்ணிகள் வழியாகவும் இழுங்கள். மார்க்கருக்குள் போகக் கூடாது, போனால் மார்க்கர் சிக்கிக்கொள்ளும். இரு பக்கமும் 15 செ.மீ. தொங்க விடுங்கள். அடுத்த வரிசையில் இந்த நூலையும் சேர்த்துப் பின்னிவிடாமல் கவனமாக இருங்கள். அன்று மாலை என்ன கெட்டுப்போனாலும் அதுவரை தயங்காமல் பிரிக்கலாம். ஒரு கண்ணிகூட அதற்குக் கீழே நழுவாது. பிரித்தபின் கண்ணிகளை எடுக்க ஓர் அளவு மெல்லிய ஊசி எளிது. ஒவ்வொரு கண்ணியின் வலது காலும் ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணி முறுக்கிக்கொள்ளும்.

தளர்ச்சியை அளந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். துணியைச் சமதளத்தில் இழுக்காமல் விரித்து, நடுவில் 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். வீட்டில் பின்னிய பகுதியில் 22, கூட்டத்தில் பின்னியதில் 20 என்று வைத்துக்கொள்வோம். அதே 112 கண்ணி முதல் பகுதியில் ஏறக்குறைய 51 செ.மீ. அகலம், இரண்டாவதில் 56 செ.மீ. ஐந்து செ.மீ. வித்தியாசம் துவைத்தாலும் போகாது. அதைப் பிரிக்கத்தான் வேண்டும். அரைக் கண்ணி அளவு வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள், நனைத்துப் பரப்பிக் காயவைத்தால் பெரும்பாலும் சமமாகிவிடும். இதே காரணத்தால், அன்போடு பக்கத்தில் இருப்பவர் நாலு வரிசை பின்னித் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். அவர் கையின் இறுக்கம் வேறு, அது பட்டையாகத் தெரியும். எண்ணித் தரச் சொல்லலாம். அடுத்தவர் பின்னலில் உள்ள பிழை நம் கண்ணுக்கு விரைவில் படும்.

எதைக் கொண்டுபோவது? அகலம் மாறாமல் நீளும் எதுவும் சரி. வட்ட ஊசியில் (இரு முனைகளை வளையும் வடம் இணைக்கும் ஊசி) தொப்பியின் உடல் பகுதி எனக்கு முதல் தேர்வு: திருப்ப வேண்டாம், பர்ல் வேண்டாம். வட்ட ஊசி பக்கத்தில் இருப்பவரின் முழங்கையையும் இடிக்காது. வட்டமாக இணைக்கும் முதல் சுற்றை மட்டும் வீட்டில் முடித்துவிடுங்கள். கண்ணி வரிசை ஊசியைச் சுற்றி முறுக்கிக்கொண்டால் பிறகு திருத்த முடியாது. கழுத்து வளைவு, லேஸ், கேபிள் (கயிறு முறுக்கு போன்ற பின்னல்), துண்டுகளைத் தைத்து இணைப்பது, இருட்டு வேளையில் கறுப்பு நூல் இவையெல்லாம் வீட்டுக்கே. கறுப்பைக் கொண்டுபோயே ஆக வேண்டுமென்றால் மடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள்.

கண்ணி ஒன்று நழுவினால் இழுத்துப் பார்க்காதீர்கள். உடனே ஒரு மார்க்கரை அதில் மாட்டி நிறுத்துங்கள். பிறகு நிட் பக்கத்தைப் பார்த்தபடி குரோஷா ஊசியால் (கொக்கி முனை ஊசி) ஒவ்வொரு படியாக ஏற்றலாம்.

கிடப்பில் உள்ள சால்வைக்கு, முதலில் நூல் போதுமா என்று பாருங்கள். நூல் உருண்டையை எடை பார்த்து, 10 வரிசை பின்னி, மறுபடி எடை பாருங்கள். 7 கிராம் குறைந்து 56 கிராம் மீதி இருந்தால், அகலம் மாறாத சால்வைக்கு இன்னும் 80 வரிசை வரும். ஓரம் மூட அகலத்தைப் போல நான்கு மடங்கு நூல் ஒதுக்கிவையுங்கள். புதிதாக நூல் வாங்க நேர்ந்தால் உறையிலுள்ள சாயத் தொகுதி எண் (ஒரே முறையில் சாயமேற்றிய நூலுக்கான எண்) பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் பழைய நூலிலும் புதிய நூலிலும் மாற்றி மாற்றி இரண்டிரண்டு வரிசை பின்னினால் நிற வித்தியாசம் தெரியாமல் கலந்துவிடும். ஊசி அளவு மறந்துபோயிருந்தால், கையில் உள்ள ஊசியால் ஒரு மாதிரித் துண்டு பின்னி 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று சால்வையோடு ஒப்பிடுங்கள்.

கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் பின்ன வேண்டாம். வரிசையை முடித்து, எண்ணி, ஊசி அளவு, வரிசை எண், அடுத்து செய்ய வேண்டியது என்று ஒரு சீட்டில் எழுதிப் பையில் போடுங்கள். ஊசி முனைகளுக்கு மூடி மாட்டுங்கள். ஓட்டையின் ஒரு பக்கம் இரண்டு வரிசை கூடுதலாக இருந்தால், உங்கள் முன்பக்கத்தை, ஓட்டைக்கு ஒரு வரிசை கீழே காப்பு நூலைக் கோத்த பிறகு, அதுவரை பிரித்துவிடுங்கள். அந்த ஓட்டையை ஊசியால் தைத்து மூடலாம், ஆனால் கூடுதல் இரண்டு வரிசை துணியைச் சாய்த்துவிடும். பக்கத் தையல் போடும்போதுதான் அது தெரியவரும்.